செவ்வாய்க்கிழமை வரிசை

1964 ஆகஸ்ட் மாதம் இரண்டாம் செவ்வாயன்று, இறந்து பதினோரு நாளாகியிருந்த ரீத்தா, பத்தாம் மைல் சர்க்கார் மருந்தக வரிசையில் ஐந்தாவது ஆளாக நின்றாள். கையில் மருந்து மிக்சர் வாங்கக் காலி பாட்டில். அவளுக்கு முன்னால் இரண்டு மலேரியா, ஒரு சிரங்கு, ஒரு பல்வலி. முறை வந்ததும் உள்ளே போய், நாலு பிள்ளைக்கு மேல் தாங்காது, இதைக் கலைத்துவிடுங்கள் என்று உயிரோடிருந்தபோது கேட்டதையே கேட்டாள். டாக்டர் பாலசுப்பிரமணியமும் அப்போது சொன்னதையே சொன்னார்: அடுத்த செவ்வாய் வா, பார்க்கலாம். பழக்கத்தில் அயர்ன் மிக்சர் எழுதிக் கொடுத்தார், சாப்பாட்டுக்குப் பின் மூன்று வேளை.

அந்தமானில் மாயாபந்தருக்குத் தெற்கே காட்டை வெட்டி உண்டாக்கிய அந்தக் குடியேற்றத்தில் இதற்கு யாரும் வியக்கவில்லை. கப்பலைவிட்டு இறங்கிய நாளிலேயே அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது ஒன்றுதான்: சர்க்கார் குறித்த நாளில் நேரில் வந்து நிற்காதவர்களுக்கு அரிசி இல்லை, கூரைத் தகரம் இல்லை, எருமை இல்லை. காய்ச்சலில் கிடந்தவர்களைக் கட்டிலோடு தூக்கிவந்து காட்டியிருக்கிறார்கள். டாக்டர் வரச் சொன்னார், ரீத்தா வந்தாள். வரிசையில் குறுக்கே புகாமல் நிற்பவள் அவள் ஒருத்திதான் என்று கம்பவுண்டர் கூடச் சொன்னார்.

டாக்டர் கெட்டவர் அல்ல. கெட்டவராயிருந்தால் முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்லியிருப்பார், கேட்டு வந்த பெண்களும் மெயின்லேண்டுக்குக் கப்பலேற வழி பார்த்திருப்பார்கள். கருவைக் கலைத்தால் செய்தவருக்கும் செய்துகொண்டவளுக்கும் ஜெயில். தாயின் உயிரைக் காக்க என்றால் மட்டும் குற்றமில்லை. இந்த விலக்கு டாக்டருக்கு மனப்பாடம். அதனாலேயே அதன் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டார். செவ்வாய் செவ்வாயாக வரச்சொல்லி ஐந்தாம் மாதம்வரை இழுத்து, இத்தனை நாள் என்ன செய்துகொண்டிருந்தாய் என்று கடிந்துகொள்வார். அதன்பின் ஓடைக்கரையில் கருக்கலையக் குச்சி வைக்கிறவள், அதன்பின் ஜுரம், அதன்பின் படாக் மரப் பலகையில் சவப்பெட்டி.

நாலு வருடத்தில் வரிசையில் நிற்கும் இறந்தவர்கள் ஏழு பேர் ஆனார்கள், ஐந்து தமிழ், ஒரு வங்காளி, ஒரு தெலுங்கு. குடியேற்ற அலுவலகத்தின் படாபாபு, அதாவது தலைமை எழுத்தர் திருநாவுக்கரசு, தொப்பியோடு வந்து பார்வையிட்டு, இறந்தவர்கள் இடப்பக்கமாக நிற்கவேண்டும் என்று சுற்றறிக்கை விட்டார். மெயின்லேண்டிலிருந்து ஒரு பிரமுகர் வந்த அன்று ஏழு பேரையும் கீற்றுத் தட்டிக்குப் பின்னால் நிறுத்தினார். பிரமுகர் தாய்மையின் தெய்விகத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார். தட்டிக்குப் பின்னால் எல்லாம் தெளிவாகக் கேட்டது.

1968இல் சகாயசெல்வி அந்த வரிசைக்கு வந்தாள். மீன்பிடிக்கும் அடைக்கலசாமியின் மனைவி, இருபத்தாறு வயது, மூன்று பிள்ளைகள். நாலடி நடந்தால் மூச்சு இரைக்கும் இருதயம். மூன்றாவது பிரசவத்தின்போது, இன்னொன்று உண்டானால் பிழைக்கமாட்டாய் என்று சொன்னவர் இதே டாக்டர்தான். வாயால் சொன்னார், எழுதித் தரவில்லை. இப்போது இரண்டாம் மாதம்.

"எத்தனாவது செவ்வா?" என்று முன்னால் நின்ற ரீத்தா கேட்டாள்.

"மூணுக்கா."

"நான் அஞ்சு எண்ணுனேன். பொறவு எண்ணல. கொஞ்சம் தள்ளி நில்லு, மேல பட்டா குளிரும்."

செல்வி தள்ளவில்லை. தன் மூன்று பிள்ளைகளும் யார் வீட்டு வாசலில் சோற்றுக்கு நிற்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தாள். உள்ளே டாக்டர் இந்த முறை புதிதாக ஒன்று சொன்னார்.

"உயிருக்கு ஆபத்துன்னு நான் மட்டும் எழுதினா போதாதும்மா. ரெண்டு பேர் சாட்சி வேணும். இந்தக் காட்டுல எவன் வருவான்?"

"ஆளு இருக்கு டாக்டர் சாப்," என்ற செல்வி கதவைத் திறந்துவிட்டாள்.

ஏழு பேரும் உள்ளே வந்தார்கள். ஜன்னல் கண்ணாடி வியர்த்தது. ஒருவர் பின் ஒருவராக சாட்சிக் காகிதத்தில் மையில் தோய்த்துக் கட்டைவிரல் வைத்தார்கள். டாக்டருக்குப் பெரிய நிம்மதி; செத்தவர் சாட்சி எங்கும் செல்லாது. நிராகரித்து அனுப்பும்படி சிரித்துக்கொண்டே காகிதத்தைப் படாபாபுவுக்கு அனுப்பினார். அவரும் நிராகரிக்கத்தான் குடியேறியோர் பதிவேட்டை எடுத்தார். ஏழு பெயரில் ஒன்றும் அடிக்கப்படவில்லை. அடிக்க மரணச் சான்று வேண்டும், சான்றில் காரணம் வேண்டும், உண்மைக் காரணம் எழுதினால் போலீஸ் வரும், பொய்க் காரணம் எழுதவும் பயம். ஆகவே டாக்டர் அந்தக் கட்டத்தை வெற்றாக விட்டிருந்தார், வெற்றான சான்றுகளைப் படாபாபு ஏற்காமல் திருப்பியிருந்தார். பதிவேட்டைத் தப்பென்று சொன்னால் தன் தலை போகும். அவர் கைரேகைகளை ஒப்பிட்டு, "சாட்சிகள் எழுவரும் பதிவேட்டின்படி உயிருடன் உள்ளனர்" என்று எழுதி முத்திரை குத்தினார்.

காகிதம் திரும்பி வந்தபோது டாக்டர் அதை மூன்று தடவை படித்தார். ஏழு பேரும் நகரவில்லை.

"கையக் கழுவுங்க சாப்," என்றாள் ரீத்தா.

கால் மணி நேர வேலை. நாலாம் நாள் செல்வி படகுத்துறையில் உட்கார்ந்து மீன் அரிந்துகொண்டிருந்தாள். நாலு வருடமாக நடக்காதது இவ்வளவு சுலபமா என்று ஊரே பார்த்தது. டாக்டரும் பார்த்தார், பார்த்துப் பயந்தார். அந்த வாரமே உட்கார்ந்து ஏழு சான்றிலும் காரணம் என்ற கட்டத்தில் "ஜுரம்" என்று எழுதிமுடித்தார். பெயர்கள் அடிபட்டன. அடுத்து வந்தவளுக்குச் சாட்சி இல்லாமல் போயிற்று. அவள் எட்டாவதாக நின்றாள். பிறகு இறந்த எவர் பெயரும் பத்து நாளைக்குமேல் பதிவேட்டில் தங்கவில்லை. அலுவலகம் அவ்வளவு சுறுசுறுப்பாயிற்று.

1972இல் புதுச் சட்டம் கப்பலில் வந்தது. கலைக்கலாம், ஆனால் அங்கீகரித்த இடத்தில் என்றது. அங்கீகாரம் கேட்ட காகிதம் அடுத்த கப்பலில் போயிற்று, பதில் வரவில்லை. 1974இல் டாக்டர் பாலசுப்பிரமணியம் நற்சேவைப் பத்திரத்தோடு மாற்றலானபோது, புதிய டாக்டரிடம் ஒப்படைக்கும் பொருள்களின் பட்டியல் தயாராயிற்று: மேசை ஒன்று, நாற்காலி மூன்று, ஸ்டெரிலைசர் ஒன்று (பழுது), இறந்த பெண்கள் பதினான்கு. புதியவர் கண்டிப்பானவர். வெளியே போய் எண்ணிப் பார்த்து, பதினைந்து என்று திருத்தினார்.

"கடைசி ஆளு நான்தான் சாப், சகாயசெல்வி," என்றாள் கடைசியில் நின்றவள். "உயிரோடதான் இருக்கேன். இவளுவளுக்குத் துணைக்கு வருவேன். என்னய எழுதாதீங்க."

புதிய டாக்டர் அவள் நாடியைப் பிடித்துப் பார்த்தார். பதினைந்தை அடித்து மறுபடி பதினான்கு என்று எழுதி, திருத்தத்துக்குப் பக்கத்தில் சுருக்கொப்பமிட்டுப் பொருள்களைப் பெற்றுக்கொண்டார்.