பாதை மூடிய வளவு

தை மாதம் இரண்டாம் கிழமை, ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், கனடாவில் ரூஜ் என்ற இடத்தில் இருக்கும் இராஜரட்ணத்தின் பின்வளவுக்குள் ஒன்பது கரிபூ மான்கள் வந்து குடியேறின. வளவு இருபத்தைந்து அடி அகலம், நாற்பது அடி நீளம்; காணி உறுதியிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறது. ஆனால் மான்கள் உள்ளே நடக்க நடக்க வளவும் நீண்டுகொண்டே போனது. பார்பிக்யூ அடுப்புக்கும் வேலிக்கும் நடுவில் நூறு வயது ஊசியிலை மரங்கள் நின்றன. கிளைகளில் தாடிபோலச் சாம்பல்நிறப் பாசி தொங்கியது. குசினியில் தேத்தண்ணி போட்டுக்கொண்டிருந்த அவர் மனைவி ரதிக்கு யாரோ நெட்டி முறிக்கிற சத்தம் கேட்டது. மனிசன் எழும்பிவிட்டார் என்றுதான் நினைத்தாள். அது கரிபூக்கள் நடக்கும்போது கணுக்காலில் எழும் சத்தம். வடக்கே காடு வெட்டுப்பட்டதால் ஆயிரம் கிலோமீற்றர் நடந்து வந்திருந்தன, கடைசி நூறு கிலோமீற்றரும் நானூறாம் நெடுஞ்சாலையின் ஓரத்தால். காலை நெரிசலின் வேகத்திலேயே நடந்தபடியால் ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை.

இராஜரட்ணம் இருபத்தாறு வருசமாகப் பிளாசாக்களில் பனி தள்ளும் ட்றக் ஓட்டுகிறவர். தன் வீட்டுக்கு வருகிறவரின் கால் நனையக்கூடாது என்பதில் பிடிவாதக்காரர். பனி கொட்டி முடிய முன்னரே பனி அள்ளும் சவளோடு வாசலில் நிற்பார், அவர் வழித்த பாதையின் ஓரம் கேக் வெட்டினதுபோல நேராக இருக்கும். அதற்கு ஒரு காரணம் உண்டு. அவர் கனடாவுக்கு வந்திறங்கிய அன்று காலில் ரப்பர்ச் செருப்புத்தான். விமான நிலையத்துக்குக் கூட்டிப்போக வந்த ஊர்க்காரர் ஸ்ரீஸ்கந்தராசா தன் சப்பாத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, வெறும் சொக்ஸோடு பனிக்குள் சென் ஜேம்ஸ் ரவுணில் இருந்த தன் வீடு வரைக்கும் வந்தார். அந்த ஈரக் கால்களை இராஜரட்ணம் இன்றைக்கும் மறக்கவில்லை.

அதனால் வளவுக்குள் நின்ற மான்களைப் பார்த்ததும் அவருக்கு வேறு யோசனை வரவில்லை. "பாவங்கள், இடம்பெயர்ந்து வந்ததுகள்" என்றார். மூன்று நாளாகச் சவளால் வழித்து, றோட்டிலிருந்து வீட்டுப் பக்கத்தால் மான்கள் படுக்கும் இடம்வரை அரைக் கிலோமீற்றர் பாதை வெட்டினார். ரதி முட்டைக்கோவாவும் கரட்டும் பூசணிக்காயும் பெரிய தாச்சியில் கொண்டுபோய் வைத்தாள். செய்தி பரவ, தூரத்துப் பிறம்ரனிலிருந்தும் சனம் அப்பிள் பெட்டிகளோடு வந்தது. கரிபூக்கள் ஒன்றையும் முகர்ந்துகூடப் பார்க்கவில்லை, பாசியைத்தான் தின்றன. கோவாவைத் தின்ன ரூஜ் பள்ளத்தாக்கிலிருந்து சாதாரண மான்கள் வந்தன. மாசி முடிவதற்குள் அவை நாற்பது ஆகின. கோயில் வாசல்போல வீடு கலகலத்தது, இராஜரட்ணத்துக்குப் பெருமை பிடிபடவில்லை.

பங்குனி முதற்கிழமை ஓநாய்கள் வந்தன. நாற்பது மானின் மணத்துக்கு வந்தவை, வழித்த பாதையால் ஒன்றின் பின் ஒன்றாகக் கால் புதையாமல் ஓடிவந்து, சினைக் கரிபூ ஒன்றைக் கொன்றன. அடுத்த கிழமை இன்னும் இரண்டு. முதலில் செத்ததன் கழுத்தில் இடம் காட்டும் பட்டி ஒன்று இருந்தது. அதன் சிக்னல் அசையாமல் நின்றதால், காட்டு விலங்குத் திணைக்களத்தில் வேலை செய்யும் வேரோனிக்கா என்ற பெண் வந்தாள். மன்னாரில் பிறந்தவள். ரூஜில் ஒரு பின்வளவு என்று கருவி சொன்னதை அவள் சந்தேகிக்கவில்லை. கேற்றைத் திறந்து, காட்டுக்குள் நடந்து, பட்டியை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"அங்கிள், ஆழமான ஸ்னோவுக்குள்ள ஓநாய்க்கு ஓட ஏலாது. கரிபூவுக்கு அகலப் பாதம், அது தப்பியிடும். நீங்கள் ஓநாய்க்கு றோட்டுப் போட்டுக் குடுத்திருக்கிறியள்."

"நான் வந்ததுகளுக்கு எண்டுதான் பிள்ளை வெட்டினனான்."

"தெரியும் அங்கிள். வடக்கிலயும் ஒருத்தரும் கரிபூவைக் கொல்லவெண்டு றோட்டுப் போடேல்லை. மரம் ஏத்தப் போட்டவை. வெட்டின இடத்தில குருத்து வரும், குருத்துக்கு மற்ற மான் வரும், அதுக்குப் பின்னால ஓநாய் வரும்."

"அப்ப நாங்கள் என்ன குடுக்கிறது?"

"ஒண்டும் குடாதேங்கோ. பாதையை மூடுங்கோ. மிச்சம் ஆறு, அதில நாலு சினை. சனம் நடந்தாலும் பாதை விழும், வைகாசி முடியுமட்டும் ஒருத்தரையும் விடாதேங்கோ."

இராஜரட்ணம் தான் வெட்டிய பாதையில் போய் நின்று பார்த்தார். நேரான ஓரங்களுக்கு நடுவில் ஓநாய்களின் அடிகள் வரிசையாகப் போயிருந்தன. அவர் அழுதார். அதன்பிறகு அந்த வருசம் பனி கொட்டவேயில்லை, பாதை தானாக மூடவில்லை. ஆகவே இருபத்தாறு வருசம் பனி அள்ளிய மனிசன், பிளாசாக்களின் மூலைகளில் தான் குவித்துவைத்த பனியை ட்றக்கில் ஏற்றிவந்து, சவளால் கொட்டிக் கொட்டித் தன் பாதையை நிரப்பினார். பக்கத்து வீட்டுக் கிருபன், அண்ணைக்கு மூளை தட்டிவிட்டது என்று எல்லோருக்கும் போன் அடித்தான். தாச்சி குசினிக்குள் திரும்பியது, தீனில்லாத மான்கள் பள்ளத்தாக்குக்குப் போயின, ஓநாய்களும் அவற்றின் பின்னால் போயின. பாதை தொடங்கும் வாசலையும் அவர் விடவில்லை, அங்கும் கொட்டிய பனி முழங்கால் வரைக்கும் ஏறியது.

சித்திரை வருசப்பிறப்பன்று ஸ்ரீஸ்கந்தராசா பலகாரப் பெட்டியோடு வந்தார். வழமையாக வருசம் பிறந்தால் முதலில் வருகிறவர் அவர்தான். வாசலில் குவிந்துகிடந்த பனியைப் பார்த்தார். யன்னலுக்குள் நின்ற இராஜரட்ணம் கும்பிட்டபடி, வரவேண்டாம் என்று தலையசைத்தார். ஸ்ரீஸ்கந்தராசா பெட்டியோடு திரும்பிப் போனார். விளக்கிச் சொல்ல அன்று பின்னேரம் இராஜரட்ணம் அடித்த போனை அவர் எடுக்கவில்லை. மறுநாளும் எடுக்கவில்லை. "அந்த மனுசனுக்கே வாசலை மூடிப்போட்டனே" என்று இராஜரட்ணம் சாப்பாட்டுக்கு முன்னால் இருந்து சொல்வார், ரதி கறியை ஊற்றுவாள். ஆனாலும் அவர் சவளைத் தொடவில்லை.

வைகாசி கடைசியில் ரதி தேத்தண்ணி போடும்போது, நெட்டி முறிக்கிற சத்தத்தோடு இன்னும் மெல்லியதாக ஒரு சத்தமும் சேர்ந்து கேட்டது. நாலு கன்றுகள், நாலு மூலையில். நாலும் தப்பின. ஊரெல்லாம் ரோசா பூத்தபிறகும் அந்த வீட்டுப் பனி மட்டும் கரையவில்லை. விசாரிக்க வந்த நகரசபைக்காரரிடம் ஆனி மாதத்துப் பனிக்கான படிவம் இருக்கவில்லை. அவர் தண்ணீர் கேட்டுக் குடித்துவிட்டுப் போனார்.

ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீஸ்கந்தராசா வந்தார். வேரோனிக்கா அவர் வீட்டுக்கே போய், வாசல் மூடியதன் காரணத்தைச் சொல்லியிருந்தாள். அரைக்கைச் சேட்டு, வியர்வை. பனியின் விளிம்பில் நின்று சப்பாத்தைக் கழற்றிக் கையில் எடுத்தார், காற்சட்டையை மடித்தார், சொக்ஸோடு முழங்கால் பனிக்குள் இறங்கினார். ஒவ்வொரு அடி வைத்தபின்னும் குனிந்து, பின்னால் விழுந்த குழியைக் கையால் நிரவிக்கொண்டு வந்தார். கதவடிக்கு வர அரை மணித்தியாலம் எடுத்தது. இராஜரட்ணம் கால் துடைக்கத் துவாயோடு நின்றார். "கால் நனைஞ்சு போச்சே அண்ணை" என்றார். "அதுக்கென்ன, பழகின கால்தானே" என்று சொல்லிவிட்டு ஸ்ரீஸ்கந்தராசா உள்ளே போனார்.

இப்போது அந்த வீட்டுக்குப் போகிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் போகிறார்கள். மாற்றுச் சொக்ஸ் ஒரு சோடி கொண்டுபோகிறார்கள், திரும்பும்போது தங்கள் அடியைத் தாங்களே மூடிவிட்டு வருகிறார்கள்.