சட்டியில் இருந்த மீதி

பதினோராவது டின்னைத் திறக்கும் சாவி பாதி வழியில் முறிந்தது. தகர நாடா சுருண்டபடி நின்றுவிட, லூபே டின்னைத் திருப்பி மறுபக்கத்தில் கத்தியால் குத்தினாள். மாட்டிறைச்சியின் மேல் உறைந்திருந்த வெள்ளைக் கொழுப்பு கத்தியோடு ஒட்டிக்கொண்டு வந்தது.

"மெதுவா. கையையும் சேத்து இலையில வச்சுக் கட்டிடப் போற," என்றார் ஹேனெலி மாமா. அவள் அம்மாவின் தம்பி. சமையல் கொட்டகையின் ஓரத்தில் உட்கார்ந்து சேப்ப இலைகளின் காம்பை ஒடித்து அடுக்கிக்கொண்டிருந்தார்.

"பசியில யாரு பாக்கப் போறாங்க மாமா."

"பாதிரியார் பாப்பாரு. நகம் இருந்தா அவருக்குச் செரிக்காது."

லூபேவுக்குச் சிரிப்பு வந்தது. அப்பா இறந்து நாலு மணி நேரம்தான் ஆகியிருந்தது. அதற்குள் சிரிக்கலாமா என்று தெரியாமல் அடுத்த டின்னை எடுத்தாள்.

முன்வீட்டில் பாட்டு தொடங்கியிருந்தது. அப்பாவின் தலைமாட்டில், அடுக்கிய பாய்களின் மேல், ஃபுசி உட்கார்ந்திருப்பாள். அப்பாவின் அக்கா வாசித்தி அத்தையின் மகள். இந்தச் சாவுக்கு ஃபாஹு, முதல் உரிமைக்காரி, அவள்தான். மாமன் வீட்டில் அவள் எதை வேண்டுமானாலும் கேட்காமல் எடுத்துக்கொள்ளலாம். மாமன் சாவில் எல்லாருக்கும் மேலே உட்காரலாம். பெற்ற மகளுக்குக் கொட்டகையும் புகையும், துக்கத்துக்கு இடுப்பைச் சுற்றிக் கட்டும் கிழிந்த பெரிய பாயும். அதில் லூபேவுக்கு வருத்தம் எதுவுமில்லை. எல்லா வீட்டிலும் அப்படித்தான்.

அவள் கவனம் முழுக்க வேறோரிடத்தில் இருந்தது. அடுப்புக்குப் பின்னால், கீழ்த்தட்டில், ஒரு சின்னச் சட்டி தட்டால் மூடியிருந்தது. அப்பா மதியம் சமைத்தது.

அப்பா படகுத்துறையில் பெயிண்ட் அடிப்பவர். வெள்ளிக்கிழமை அரை நாளோடு வேலை முடியும். வரும்போது ஒரு டின் மாட்டிறைச்சி வாங்கி வந்து, வெங்காயம் அரிந்து, தானே வதக்கி, வேகவைத்த மரவள்ளியோடு சட்டியிலிருந்தே சாப்பிடுவார். அம்மா இறந்த வருடம் தொடங்கிய பழக்கம். லூபேவுக்கு அப்போது ஒன்பது வயது. வீட்டில் அவர்கள் இரண்டு பேர்தான். பாதியைச் சாப்பிட்டுவிட்டு, பாதியைத் தட்டால் மூடி, கீழ்த்தட்டில் வைத்துவிட்டு, பலாமரத்தடியில் போய்ப் படுத்துவிடுவார். இன்றும் அதே வரிசையில்தான் எல்லாம் நடந்திருக்கிறது. இரண்டு மணிக்கு அவள் துணி துவைத்துவிட்டு வந்தபோது அவர் கன்னத்துக்குக் கீழே கையை வைத்துப் படுத்திருந்தார். ஈ ஒன்று உதட்டில் உட்கார்ந்து, நெடுநேரம் உட்கார்ந்தே இருந்தது. அதைப் பார்த்துத்தான் அவளுக்குத் தெரிந்தது.

அப்பா வாய் வைத்த மிச்சத்தைப் பிள்ளைகள் தின்னக்கூடாது. தின்றால் தொண்டை வீங்கும். பத்து வயதில் ஒருமுறை அவள் சட்டிக்குள் ஒரு விரலை விட்டு நக்கினாள். எங்கிருந்தோ வந்த வாசித்தி அத்தை கொடுத்த அறையில் அந்த ருசி என்னவென்று மறந்தே போயிற்று. அதன்பின் மூன்று நாள், காலையில் எழுந்ததும் எச்சிலை விழுங்கித் தொண்டையைச் சோதித்தாள். வீங்கவில்லை. ஆனாலும் அது போதிய சோதனை ஆகாது என்று தோன்றியது. ஒரு விரல்தானே.

வாசனையை மட்டும் யாரும் தடுக்கவில்லை. வெங்காயமும் கொழுப்பும் தவிர அதில் இன்னொன்று இருந்தது. வளர்ந்தபின் அவளே சமைத்துப் பார்த்தாள். வெங்காயத்தைக் கருக்கி, கருக்காமல், தேங்காய்ப்பால் விட்டு, விடாமல். எதிலும் அந்த வாசனை வரவில்லை. எங்கே தவறுகிறாள் என்று அவளுக்குப் பிடிபடவே இல்லை. அப்பாவிடம் கேட்கலாம் என்று எத்தனையோ வெள்ளிக்கிழமைகளில் நினைத்தாள். இனி அந்தச் சட்டியில் இருப்பதைத் தவிர வேறு எதையும் கேட்க முடியாது.

"அந்தச் சட்டியக் கழுவிக் குடு. தேங்காப்பாலுக்குப் பாத்திரம் பத்தல," என்றார் ஹேனெலி.

"அதுல அப்பாவோடது இருக்கு மாமா."

"தெரியும். பன்னிக்குக் கொட்டு. உனக்கு ஆகாது, எனக்கு வேண்டாம்."

"கொட்டறேன். ஒருதடவ பாத்துட்டுக் கொட்டறேன்."

"செத்தவரு சட்டியில பாக்கறதுக்கு என்ன இருக்கு?"

அவள் தட்டைத் தூக்கினாள். பார்ப்பது தின்பதில் சேராது. சேரும் என்று அத்தைகூடச் சொன்னதில்லை.

மீதி பாதி, பலகையை வைத்து வெட்டியதுபோல நேர்க்கோடாக நின்றது. தின்றிருந்த பக்கத்தில் சட்டியின் அடி தெரிந்தது. சிவந்த எண்ணெய், மிளகாய் விதைகள், ஓரமாக ஒதுக்கிய ஏழு காம்புகள். லூபே தென்னை ஈர்க்கு ஒன்றை ஒடித்து மீதியைக் கிளறினாள். வெங்காயம். இறைச்சி. இன்னும் கிளறினாள். ஒரு விதைகூட இல்லை.

"மாமா, இங்க வந்து பாருங்களேன். இந்தப் பக்கம் மிளகாயே இல்ல."

"இல்லாம இருக்காது. ஃபிஜிக் கப்பல்ல வேலை பாத்த நாள்லருந்து மச்சான் மிளகா இல்லாமத் தண்ணிகூடக் குடிச்சதில்ல." அவர் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். கொஞ்சநேரம் பார்த்தார். "ஃபுசிக்கு வச்சிருப்பாரு. அவதான் வந்து எடுத்துத் தின்பா."

"ஃபுசி அக்கா அப்பாவ விட அதிகமாக் கடிப்பா. ரெண்டு பேரும் போட்டி போடுவாங்க."

"உன்ன மாதிரியா? மிளகாத்தூள் டப்பாவத் திறந்தாலே ஊருக்கே கேக்கத் தும்மறவ." சிரித்துக்கொண்டே சொன்னவர் பாதியில் நிறுத்தினார். திரும்பிப் போய் இலைகளின் முன் உட்கார்ந்தார். ஏற்கனவே காம்பு ஒடித்த இலையை எடுத்து மறுபடி ஒடிக்கப் பார்த்தார்.

அப்போது இடுப்பில் கட்டிய, எண்ணெய் போட்டதுபோல மினுங்கும் புதுப் பாயைப் பிடித்துக்கொண்டு ஃபுசி பின்வாசலில் வந்து நின்றாள். தலைமாட்டில் உட்காருகிறவள் கொட்டகைக்கு வரக்கூடாது. ஆனால் அவளை வராதே என்று சொல்லும் இடத்தில் யாரும் இல்லை.

"காலு ரெண்டும் மரத்துப் போச்சுடி. பாதிரியார் இன்னும் ரெண்டு பாட்டு எடுத்து வச்சிருக்காரு. மாமாவே எழுந்து ஓடிடுவாரு போல." அவள் கண்கள் வீங்கியிருந்தன. சட்டியைப் பார்த்ததும் பேச்சு நின்றது. "இன்னிக்குமா வச்சாரு?"

"இன்னிக்கும்."

ஃபுசி மெல்லக் குந்தினாள். கையை நீட்டி, தொடாமல் இழுத்துக்கொண்டாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கணும். நீங்க எடுத்துத் தின்னப்பல்லாம் உங்க பாதியில மிளகா இருந்துச்சா?"

"எங்க இருந்துச்சு? வைத்தியர் குடுத்த கஞ்சி மாதிரி இருக்கும். நானே செடியில பறிச்சுக் கடிச்சுக்குவேன். ஒருநாள் கேட்டேன். என்ன மாமா, உங்க பக்கம் நெருப்பு, என் பக்கம் மட்டும் காய்ச்சக்காரிக்குச் செஞ்சதான்னு."

"அப்பா என்ன சொன்னாரு?"

"எடுத்துக்கம்மா, உன் உரிமை, அப்படின்னாரு. வேற ஒண்ணும் சொல்லல. பலாமரத்துப் பக்கம் போயிட்டாரு." ஃபுசி நெற்றியைச் சுருக்கினாள். "நான் வராத வாரத்துல என்ன செய்வாரு?"

"சாயங்காலம் வரைக்கும் அப்படியே இருக்கும். இருட்டினதும் பன்னிக்குக் கொட்டுவாரு. நீங்க கல்யாணமாகி வாவாவு தீவுக்குப் போன நாலு வருஷமும் வச்சாரு."

"நாலு வருஷமுமா?"

"ஒரு வெள்ளிக்கிழமகூட விடல."

ஃபுசி அவளையே பார்த்தாள். லூபே ஈர்க்கின் முனையில் ஒட்டியிருந்த வெங்காயத்தைப் பார்த்தாள். பிறகு, யாரோ தன்னைக் குற்றம் சொல்லிவிட்டதுபோல வேகமாகப் பேசினாள்.

"அப்படிச் சொல்ல முடியாதுக்கா. எனக்குன்னு வச்சதா இருந்தா, சாப்பிட உக்காரறதுக்கு முன்னாடியே ஒரு தட்டுல எடுத்து வச்சிருக்கலாமே? அதுல தோஷம் இல்லையே. வைக்கலியே. வயிறு நிறைஞ்சிருக்கும், அவ்வளவுதானோ என்னமோ."

"பதிமூணு, பதினாலு வருஷம் வெள்ளிக்கிழமை மட்டும் நிறைஞ்ச வயிறா? மீன் முள்ளக்கூட மிச்சம் வைக்காத ஆளுடி அவரு."

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்."

"நீ ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்."

ஹேனெலி மாமா எழுந்தார். குழியடுப்பில் கல் சூடேறிவிட்டதா பார்க்கவேண்டும் என்று யாரிடமென்றில்லாமல் சொல்லிவிட்டு வெளியே போனார். கல்லைப் பார்த்துவிட்டு வந்து பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது.

ஃபுசி இடுப்புப் பாயைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். முன்வீட்டில் உட்கார்ந்திருந்தது போலவே. இரண்டு கையாலும் சட்டியைத் தூக்கினாள்.

"இது என் மாமாவோடது. அதனால நான் எடுத்துக்கறேன்." சட்டியை மடியில் வைத்துக்கொண்டாள். "எடுத்தாச்சு. இப்ப யாரோடது?"

"உங்களோடது."

"என்னோடத நான் யாருக்கு வேணாலும் குடுப்பேன். இந்தா."

"அத்தைக்குத் தெரிஞ்சா?"

"என்னக் கொண்டுபோய்ப் பாய்மேல உக்கார வச்சதே உங்க அத்தைதான். உக்காந்தவ குடுக்கறா, வாங்கு."

லூபே கையைக் கழுவினாள். துடைத்தாள். ஒருமுறை போதாது என்று தோன்றி மறுபடி கழுவினாள். ஃபுசி பொறுமையிழந்து, "அடக்கமே முடிஞ்சிரும்டி," என்றாள்.

கொழுப்பு உறைந்து விரலில் வழுவழுத்தது. முதல் வாயில் உப்பும் வெங்காயத்தின் இனிப்பும் தெரிந்தன. நெடுநேரம் சிறு தீயில் கிடந்த வெங்காயம். அவள் எப்போதும் அவசரப்பட்டிருக்கிறாள். அதற்கும் அடியில் அந்த இன்னொன்று இருந்தது. அது புகையோ கருகலோ இல்லை என்று உடனே தெரிந்தது. என்னவென்று தெரிய இன்னொரு வாய் வேண்டியிருந்தது. ஏதோ ஓர் இலையாக இருக்கலாம். மூன்றாவது வாயில், இலை இல்லை, தோல், ஏதோ பழத்தின் தோல் என்று தோன்றியது. அதுவும் நிச்சயமில்லை.

"என்னடி, அப்படி முழிக்கற?"

"இருங்கக்கா. பாத்துட்டு இருக்கேன்."

ஃபுசி வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். புறங்கையால் கண்ணைத் துடைத்தாள்.

முன்வீட்டுப் பாட்டு நின்றது. "ஃபுசி!" வாசித்தி அத்தையின் குரல் சுவரைத் தாண்டி வந்தது. "எங்க போய்த் தொலைஞ்ச? கத்தரி வந்தாச்சு. லூபேயக் கூட்டிட்டு வா. இருட்டறதுக்குள்ள அப்பனுக்காக அவ முடிய வெட்டிடணும்."

சட்டியில் இன்னும் ஒரு வாய் இருந்தது. லூபே அதை வழித்து வாயில் போட்டு, விழுங்காமல் எழுந்தாள்.

முன்வீட்டில் எல்லாரும் வழிவிட்டார்கள். அவள் முழங்காலில் நகர்ந்து, அப்பாவின் பாதங்களுக்குப் பக்கத்தில் தலை குனிந்து உட்கார்ந்தாள். அவர் நகக்கணுக்களில் நீலப் பெயிண்ட் இருந்தது. பின்னால் ஃபுசி பின்னலை அவிழ்த்து, இடுப்பு வரை விழுந்த முடியைக் கையில் சேர்த்துப் பிடித்தாள். கத்தரி கழுத்துக்கருகில் குளிர்ந்தது.

வாசித்தி அத்தை குனிந்து அவள் முகத்தைப் பார்த்தாள். உதடுகள் இறுக மூடியிருந்தன. அத்தையின் முகம் இளகியது. காய்ந்த உள்ளங்கையால் அவள் கன்னத்தைத் தடவினாள்.

"இப்படி அடக்கி வைக்காதடி, என் தங்கம். வாயத் திறந்து அழுதுடு."

லூபே இல்லையென்று தலையசைத்தாள். உள்ளே நாக்கை மட்டும், மிக மெதுவாக, ஒருமுறை புரட்டினாள். முதல் கற்றை பாயில் விழுந்தது.