ஆண்டவர் துணையில் ஏறாதவர்கள்

ஆண்டவர் மோட்டார் சர்வீஸ் வீட்டு மருமகள் ஹேமலதா இலவச டவுன் பஸ்ஸில் அரியலூர் போய் வருகிறாள் என்ற சேதி, அதே டவுன் பஸ்ஸில் ஏறித்தான் செந்துறைக்கு வந்து இறங்கியது. இறங்கிய இடத்துக்கு எதிரிலேயே டீக்கடை. அப்புறம் என்ன, விளக்கு வைப்பதற்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது.

அதில் குற்றம் ஒன்றுமில்லை. பெண்களுக்கு அந்த பஸ்ஸில் டிக்கெட் கிடையாது. எல்லாரும்தான் ஏறுகிறார்கள். கழுத்து நிறைய நகை போட்ட நகைக்கடைக்காரர் சம்சாரம்கூட ஜன்னல் சீட்டுக்குக் கைக்குட்டை போட்டு இடம் பிடிக்கிறார். ஆனால் சொந்தமாக பஸ் ஓட்டுகிற வீட்டுப் பெண் ஏறலாமா? ஓட்டல்காரர் பெண்டாட்டி எதிர்த்த ஓட்டலில் இட்லி வாங்கித் தின்ற கதையாக இருக்கிறதே என்றார் மளிகைக்கடை வேம்பு. கடையில் கூட்டம் இல்லாத நேரத்தில் அவருக்கு இந்த மாதிரியெல்லாம் தோன்றும். அவர் கடையில் எப்போதும் கூட்டம் இருக்காது.

பாவம், ஹேமலதாவுக்கு வேறு வழியில்லை. அரியலூரில் இடுப்பு ஒடிந்து கிடக்கும் அம்மாவை வாரா வாரம் போய்ப் பார்க்க வேண்டும். சொந்த பஸ்ஸிலோ அந்த வீட்டுப் பெண்கள் ஏறக்கூடாது. அது மாமனார் போட்ட சட்டம்.

மாமனாரின் பெயரே ஆண்டவர்தான். முந்திரிக்கொல்லையை விற்று முதல் பஸ்ஸை வாங்கி வந்து, அதன் நெற்றியில் 'ஆண்டவர் துணை' என்று பெரிதாக எழுதினார். சாமியைச் சொல்கிறாரா, தன்னையே சொல்லிக்கொள்கிறாரா என்று ஊர் குழம்பியது. கேட்டவர்களிடம் மீசையைத் தடவிக்கொண்டு சிரித்தாரே தவிர, கடைசிவரை பதில் சொல்லவில்லை.

பஸ் ஓட ஆரம்பித்த புதிதில் அவர் மனைவி புஷ்பவல்லி, கல்யாணப் புடவையைக் கட்டிக்கொண்டு, ராயம்புரத்திலிருந்த தாய்வீட்டுக்கு அந்த வண்டியில் போனார். வண்டி வாசலிலேயே நின்றது. அவர் பெட்டியை இறக்கி, அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுது முடிப்பதற்குள் உள்ளேயிருந்து பணியாரம் வந்தது. டிரைவருக்கு ஒரு தட்டு, கண்டக்டருக்கு ஒரு தட்டு. முதலாளியம்மா வீட்டுப் பணியாரத்தை வேண்டாம் என்று சொல்லும் துணிச்சல் யாருக்கு இருக்கிறது? அரியலூர் கோர்ட்டில் அன்று வாய்தா வைத்திருந்த ஒருவர் வண்டிக்குள் புழுங்கிக்கொண்டிருந்தார். அவர் போய்ச் சேருவதற்குள் கேஸ் கையை விட்டுப் போய்விட்டது. பஸ் ஸ்டாண்டில் நின்று அவர் ஆண்டவரின் பரம்பரையையே கழுவி ஊற்றிவிட்டுத்தான் ஊர் திரும்பினார்.

அன்று மாலையே சட்டம் பிறந்தது. "இனிமே நம்ம வூட்டுப் பொம்பளைங்க நம்ம வண்டியில ஏறக்கூடாது. ஏறுனா அது வண்டியா இருக்காது, வூடாயிடும்."

ஒரு பஸ் நாலு பஸ்ஸாக ஆனது. அப்போதும் புஷ்பவல்லி போட்டிக் கம்பெனி பஸ்ஸில் டிக்கெட் எடுத்துத்தான் தாய்வீடு போனார். நாலு மறுபடி ஒன்றானது. மூத்த மகன் தன் பங்கை விற்றுக்கொண்டு திருப்பூருக்குப் போய் பனியன் கம்பெனி வைத்தான். ஜெயங்கொண்டம் வண்டி எதனாலோ போனது, பெரம்பலூர் வண்டியை அந்த ஊர் வேணுகோபால் வாங்கினார். ஆண்டவர் கண்ணை மூடியபோது செந்துறை-அரியலூர் வண்டி ஒன்றுதான் மிச்சம். பர்மிட் புஷ்பவல்லி பேரில். பார்த்துக்கொண்டது இளைய மகன் முத்தமிழ்செல்வன், ஹேமலதாவின் கணவன். அவனுக்குத் தடை ஒன்றும் கிடையாது. ஆனாலும் அவன் பைக்கை விட்டு இறங்கி பஸ்ஸில் ஏறி யாரும் பார்த்ததில்லை. ஆக மொத்தம், அந்த பஸ்ஸுக்குள் என்ன நடக்கிறது என்று செந்துறையில் எல்லாருக்கும் தெரியும், முதலாளி வீட்டைத் தவிர.

டவுன் பஸ் இலவசமானதும் பெண்கள் கூட்டம் அங்கே போய்விட்டது. ஆம்பிளைகள் ஆண்டவர் துணையில், அவர்கள் பெண்டாட்டிமார் பின்னால் வரும் டவுன் பஸ்ஸில். ஒரே கல்யாணத்துக்குப் போகிறவர்கள் இரண்டு வண்டியில் போய், மண்டப வாசலில் ஒருவருக்கொருவர் காத்துக்கொண்டு நின்றார்கள். முத்தமிழ்செல்வனின் முகம் நாளுக்கு நாள் சுருங்கியது. அந்த நேரம் பார்த்துத்தான் டீக்கடையில் ஒருவன், சின்ன முதலாளியம்மாவே ஓசி பஸ்தானாமே என்று அவன் காதுபடக் கேட்டு வைத்தான். டீயை முழுசாகக் குடிக்காமல் முத்தமிழ்செல்வன் எழுந்து போனான்.

மறுவாரமே சாப்பிடும்போது சொன்னான்.

"வேணுகோபால்கிட்ட பேசி முடிச்சிட்டேன். வெள்ளிக்கிழமை அம்மா ஆர்டிஓ ஆபீஸ் வந்து ஒரு கையெழுத்துப் போட்டா போதும். அப்புறம் அண்ணன்கூட திருப்பூர் போயிடலாம்."

ஹேமலதா ரசக் கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்னத்த பாக்குற? வூட்டுக்காரியே ஏறாத வண்டியில ஊருல எவ ஏறுவா?"

ஏற விட்டால்தானே என்று வாய் வரை வந்தது. அவன் இலையில் ரசத்தை ஊற்றினாள்.

தான் டவுன் பஸ்ஸில் ஏறிய ஏற்றம் கம்பெனியையே கவிழ்த்துவிட்டது என்ற எண்ணம் அன்று முழுக்க அவள் நெஞ்சில் முள்ளாக உட்கார்ந்திருந்தது. அதோடு, திருப்பூரில் மூத்தார் வீட்டு மாடியில், தம்பி பெண்டாட்டி என்று ஒண்டிக்கொண்டிருக்க அவளுக்கு விருப்பமில்லை. ஹேமலதாவுக்குப் பாசம் பஸ் மேலா, 'பஸ்காரர் வீட்டு மருமகள்' என்கிற பேர் மேலா என்று தெருவில் இரண்டு கட்சி இருந்தது. இரண்டு கட்சியும் பாதி சரி.

அடுத்த செவ்வாய்க்கிழமை டவுன் பஸ்ஸில் பக்கத்தில் ஜெயசுதா உட்கார்ந்தாள். அரியலூரில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை, வாய் நாலு கடைக்குக் காணும். ஊருக்குப் புதிதாக வந்தவள், ஹேமலதா யாரென்று அவளுக்குத் தெரியாது. காலையில் மகாராணி மாதிரி போகிறோம், சாயங்காலம்தான் நாய்ப்பாடு என்று அவளாகவே ஆரம்பித்தாள். ஆறு மணிக்கு டவுன் பஸ்ஸும் ஆண்டவர் துணையும் ஒன்றின் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு கிளம்பிவிடும். கடையில் பெண்களை விடுவது ஏழு மணிக்கு. அடுத்த டவுன் பஸ் ஊர் சாப்பிட்டுப் படுக்கிற நேரத்துக்குத்தான். அதுவரை பஸ் ஸ்டாண்டில் நிற்க வேண்டும், இல்லையென்றால் ஷேர் ஆட்டோவில் மடிமேல் மடியாகப் போக வேண்டும். ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவர்களுக்கும் இதே கதிதான்.

"அந்த ஆண்டவர் துணை வண்டி இருக்கு பாருக்கா," என்றாள் ஜெயசுதா, "ஆண்டவருக்குத்தான் அது துணை. நாங்க கடைய விட்டு வர்றப்ப அது ராயம்புரத்த தாண்டிப் போயிருக்கும். ஒரு மணி நேரம் தள்ளிப் போனா காசு குடுத்தே ஏறுவோம். அந்த முதலாளி வூட்டுல பொம்பளையே கெடையாதா?"

ஹேமலதா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து கணவனிடம் சொன்னாள். ஆறு மணி என்பது அந்தக் காலத்தில் கோர்ட்டு, தாலுகா ஆபீஸ் விட்டு வருகிறவர்களுக்காக அப்பா பார்த்து வைத்த நேரம், அதைத் தொடக்கூடாது என்றான். கோர்ட்டுக்குப் போகிறவர்கள் இப்போது காரில் போகிறார்கள் என்றாள் இவள். நாலு தரம் ஓசி பஸ்ஸில் போய் வந்துவிட்டு எனக்கு பஸ் ஓட்டச் சொல்லித் தருகிறாயா என்று கேட்டுவிட்டு அவன் டிவியைச் சத்தமாக வைத்தான்.

பேச்சு முழுவதும் அடுத்த அறையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த புஷ்பவல்லியின் காதில் விழுந்தது. அவர் கீரையை வழக்கத்தை விட நிதானமாக ஆய்ந்தார்.

வெள்ளிக்கிழமை முத்தமிழ்செல்வன் பைக்கில் முன்னால் போய்விட்டான். அம்மாவை அழைத்து வர வேணுகோபால் பெரம்பலூரிலிருந்து கார் அனுப்பியிருந்தார். ஏ.சி. கார். தெருவே வாசலுக்கு வந்து பார்த்தது. புஷ்பவல்லி காரை ஒரு சுற்று சுற்றிவந்து பார்த்துவிட்டு, டிரைவரைப் போகச் சொன்னார்.

"வாங்குறவன் கார்ல போயா விக்கிறது? லதா, கெளம்பு. நம்ம வண்டி வர்ற நேரந்தான்."

"அத்த, மாமா போட்ட..."

"அவரு போயிட்டாரு. வண்டிதான் இருக்கு. அதுவும் இன்னிக்கோ நாளைக்கோங்குது. வா."

கார் காலியாகப் போனதை வேம்பு கடையைப் பூட்டிவிட்டு வந்து பார்த்தார்.

கண்டக்டர் நல்லதம்பி படியில் நின்றபடி வந்தவன், நிறுத்தத்தில் நின்ற இரண்டு பேரையும் பார்த்ததும் விசிலை வாயிலிருந்து எடுக்க மறந்து ஊதிவிட்டான். புஷ்பவல்லி ஏறினார். ஐம்பது வருஷத்துக்கு அப்புறம் ஏறுகிறவருக்குப் படி உயரமாக இருந்தது. படியை இப்படியா வைப்பார்கள், பிள்ளைத்தாச்சிப் பெண் எப்படி ஏறுவாள் என்று முதல் குறை. பாட்டுச் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்கவில்லை என்று இரண்டாவது. நல்லதம்பி ஓடிப்போய்ப் பாட்டைக் குறைத்தான். சீட்டுகளில் எல்லாம் வேட்டிகள். புடவை என்று பார்த்தால் ஒன்றே ஒன்று, டவுன் பஸ்ஸைத் தவறவிட்ட ஜெயசுதா.

"என்னக்கா, நீயும் டவுன் பஸ்ஸ விட்டுட்டியா?" என்று ஹேமலதாவுக்கு இடம் கொடுத்தாள். அப்புறம் பின்னால் நின்ற புஷ்பவல்லியையும் இழுத்து உட்கார வைத்தாள். மூன்று பேர் சீட்டில் ஹேமலதா நடுவில் நெளிந்தாள். ஜெயசுதாவை யாரும் கேட்கவே தேவையில்லை. சாயங்கால நாய்ப்பாட்டை முதலிலிருந்து ஒருமுறை சொல்லி, அந்த முதலாளி வீட்டில் பெண்ணே கிடையாதா என்று அதே இடத்தில் வந்து நிறுத்தினாள். ஹேமலதா கண்ணை மூடிக்கொண்டாள்.

"இருக்காங்க," என்றார் புஷ்பவல்லி. "ஏற விடல."

ஆர்டிஓ ஆபீஸில் வேணுகோபால் எழுந்து நின்று வணக்கம் வைத்தார். கார் காலியாக வந்ததில் அவருக்கு முகம் கொஞ்சம் கோணித்தான் இருந்தது. முத்தமிழ்செல்வன், அம்மா பஸ்ஸில் வந்ததைக் கேள்விப்பட்டு, மனைவியை முறைத்தான். அதிகாரி மரியாதையாக நாற்காலி போடச் சொல்லி, வழக்கமாகக் கேட்பதைக் கேட்டார்.

"ஆண்டவர்ங்கிறது யாருங்கம்மா? நீங்க அவருக்கு என்ன வேணும்?"

"வண்டி நெத்தியில எழுதியிருக்கே சார், பாக்கலீங்களா? ஆண்டவர் துணைன்னு. அது நாந்தான்."

அதிகாரி சிரித்துவிட்டார். புஷ்பவல்லி சிரிக்கவில்லை.

"விக்கிறதுக்கு நான் வரலீங்க. சாயங்காலம் வண்டி எடுக்கிற நேரத்த மாத்தணும். அதுக்கு எங்க கையெழுத்துப் போடணும், சொல்லுங்க."

அதற்குத் தனி மனு, மற்ற பஸ்காரர்களையும் கூப்பிட்டு வைத்துப் பேசித்தான் முடிவு செய்வோம் என்றார் அதிகாரி. கூப்பிடுங்கள், நானும் வருகிறேன் என்றார் புஷ்பவல்லி. முத்தமிழ்செல்வன் வாயைத் திறப்பதற்கு முன் ஹேமலதா அவன் பக்கத்தில் போனாள்.

"ஏங்க, சாயங்காலம் ஏழு மணி வரைக்கும் பஸ் ஸ்டாண்டுல எங்ககூட நில்லுங்க. பாத்துட்டு, அப்பவும் விக்கணும்னா நானே அத்தைகிட்ட சொல்றேன்."

நின்றான். அம்மா பெஞ்சில் உட்கார்ந்து கடலை கொறிக்க, அவன் பைக் சாவியைச் சுழற்றிக்கொண்டே நின்றான். ஆறு மணிக்கு அவன் கண்ணெதிரிலேயே ஆண்டவர் துணை பாதி சீட் காலியாகக் கிளம்பிப் போனது. ஏழு அடித்ததும் கடைவீதிப் பக்கமிருந்து பெண்கள் வர ஆரம்பித்தார்கள். பத்துப் பேர், இருபது பேர், அப்புறம் எண்ண முடியவில்லை. டிபன் பையும் குடையுமாக வந்து, செந்துறை வண்டி நிற்குமிடத்தில் தரையிலேயே உட்கார்ந்தார்கள். ஒரு ஷேர் ஆட்டோ வந்ததும் பாதிப் பேர் அதன்மேல் விழுந்தார்கள். ஜெயசுதா ஒரு காலை உள்ளே வைத்து, இன்னொரு காலுக்கு இடம் கேட்டு டிரைவரிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

முத்தமிழ்செல்வனின் கையில் சாவி சுழல்வது நின்றது.

"தெனமுமா இப்புடி?" என்று கேட்டான்.

"தெனமுந்தான்," என்றாள் ஹேமலதா. மேலே ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவன் பழைய ஆளாகியிருப்பான். அது அவளுக்குத் தெரியும்.

நேரம் மாற்றுவதைப் பேச நடந்த கூட்டத்தில் எதிர்ப்புச் சொல்ல யாருமே இல்லை. அந்த நேரத்தில் ஓட்டி நஷ்டப்படுகிறவன் ஓட்டட்டும் என்று மற்ற பஸ்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்களாம். இப்போது அவர்களும் அதே நேரத்துக்கு மனுப் போடலாமா என்று யோசிப்பதாகக் கேள்வி.

ஏழேகாலுக்குக் கிளம்புகிற ஆண்டவர் துணையில் இன்று வேட்டிகள்தான் நின்றுகொண்டு வருகின்றன. படியைத் தாழ்த்தியிருக்கிறார்கள். பாட்டு உண்டு, பேச்சை மீறாத சத்தத்தில். வேம்புகூட ஒருநாள் அதில் வந்துவிட்டு, முதலிலேயே இப்படித்தான் செய்திருக்க வேண்டும், நான் அப்போதே சொன்னேன் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ஒரே ஒரு சங்கடம். வாரத்தில் இரண்டு நாளாவது சம்பந்தியம்மாவைப் பார்க்கிற சாக்கில் புஷ்பவல்லியும் மருமகளோடு அரியலூர் போய்விடுகிறார். திரும்பும்போது ராயம்புரத்தில், அவர் தம்பி வீட்டு வாசலில் வண்டி நிற்கிறது. "தோ வந்துட்டேன்" என்று இறங்குகிறவர் இறங்குகிறவர்தான். நல்லதம்பி விசிலை வாயில் வைத்துக்கொண்டு ஊதத் தைரியமில்லாமல் ஹேமலதாவைப் பார்க்கிறான். ஹேமலதா தெருவைப் பார்க்கிறாள்.

ஆர்டிஓ ஆபீஸ் கதை ஜெயசுதா வரை போயிருந்தது. போன வாரம் அவள் ஜன்னலில் தலையை நீட்டிக் கத்தினாள். "ஆண்டவர் துணை, சீக்கிரம் வாங்க. எங்க வூட்டுல புள்ள பசியில கெடக்குது."

"வரேன்டி," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. பின்னாலேயே ஒரு தூக்குவாளியும் வந்தது. மூடியைத் திறந்ததும் பஸ் முழுக்கப் பணியார வாசனை. முதலில் ஜெயசுதாவின் பிள்ளைக்கு என்று நாலு எடுத்துக் காகிதத்தில் கட்டிக் கொடுத்தார்கள். அப்புறம் வாளி முன்சீட்டிலிருந்து கைமாறிக் கைமாறிப் பின்சீட்டுக்குப் போனது. டிரைவருக்கு ஒன்று, நல்லதம்பிக்கு இரண்டு.

ஏறினால் வண்டி வீடாகிவிடும் என்று மாமனார் சொன்னது ஹேமலதாவுக்கு ஞாபகம் வந்தது. மனிதர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். வாளி திரும்பி வந்தபோது அவள் இன்னொரு பணியாரத்தை எடுத்துக்கொண்டு, போகலாம் என்று நல்லதம்பிக்குக் கண்ணைக் காட்டினாள்.