அட்டையின் ஐந்தாவது வரி

1

இந்தக் கதை ஓர் அட்டையிலிருந்து வந்தது. நேற்று ஃபாரிஸின் தோல் மண்டிக்குப் போய், சுவரில் ஒட்டியிருந்த அந்த அட்டையை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்தேன். யாரும் பார்க்கவில்லை.

(திருடினேன் என்று எழுதியிருக்க வேண்டும். மேலே போய் மாற்றலாம்தான். மாற்ற மாட்டேன். இந்தக் கதையில் ஒரு சொல்லையும் அடிப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். காரணம் போகப்போகத் தெரியும்.)

நான் அல்போன்சா. திண்டுக்கல்லில் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துகிறேன், நடுநடுவே கதையும் எழுதுகிறேன். என்னிடம் பத்துப் பக்கம் கொடுத்தால் ஆறு பக்கமாகத் திரும்பி வரும் என்று அச்சகத்தில் கேலி செய்வார்கள். அதில் எனக்குப் பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'ஞாயிற்றுக்கிழமை மாலை செம்பட்டி சாலையில் பயங்கர வெடிச்சத்தம்...'

பொய். எதுவும் வெடிக்கவில்லை. சைக்கிள் டியூபில் வால்வைப் பிடுங்கினால் வருமே, அந்தச் சத்தம்தான் கேட்டது.

இன்னொரு தொடக்கம்: 'ஃபாரிஸ் குண்டு வாங்கினான்.' உண்மைதான், ஆனால் இதைப் படித்துவிட்டு அவனைப் பற்றி நீங்கள் என்ன

சரி, நேராகச் சொல்கிறேன். ஃபாரிஸ் என் பக்கத்து வீட்டுக்காரன். மண்டிக்குப் பின்னால் சும்மா கிடந்த இடத்தில் துப்பாக்கி விளையாட்டு மைதானம் ஒன்றைத் தொடங்கினான். பிளாஸ்டிக் மணிகளைச் சுடும் பொம்மைத் துப்பாக்கிகள். பாதுகாப்புக் கண்ணாடி மாட்டாமல் யாரும் உள்ளே போக முடியாது. ஒருநாள் அவன் கடையிலிருந்து மாதிரிக்கு என்று உருண்டையாக ஒரு சாமானைக் கொண்டுவந்து என் சாப்பாட்டு மேசையில் வைத்தான். நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டேன்.

"ஏலே, வெடிகுண்டையா வீட்டுக்குள்ள கொண்டாந்த?"

"மருந்தெல்லாம் கிடையாதுக்கா. இது வெறும் ஷெல்லு. அடியில வால்வு இருக்கு பாருங்க, அது வழியா கேஸ் ஏத்தணும். மேல மணியப் போடணும். லாஞ்சர்னு ஒரு குழல் இருக்கு, அதுல வச்சுத் தட்டுனா அம்புட்டு மணியும் ஒரே நேரத்துல பறக்கும்."

எதை வாங்குவது என்று ஒரு வாரம் என் உயிரை எடுத்தான். நீளமானதில் நிறைய மணி கொள்ளும், ஆனால் கேஸைக் குடிக்கும். பிளாஸ்டிக் உடல் என்றால் கீழே விழுந்தால் விரிசல் விடும். கடைசியில் குட்டையான அலுமினிய ஷெல்லையே வாங்கினான். "உள்ள இருக்க ரப்பர் வளையத்தக் கழட்டி மாத்திக்கிறலாம்க்கா. ஒழுங்காப் பாத்துக்கிட்டா வருசக்கணக்கா வரும்" என்றான்.

3

ஷெல்லோடு வந்த குறிப்பு ஆங்கிலத்தில் இருந்தது. கேஸ் ஏற்றும் வேலை பாண்டிச்செல்விக்கு. சின்னாளப்பட்டிக்காரி, நாற்பது வயது, முன்பு தறிக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்தவள். அவளுக்குத் தமிழ்தான் படிக்க வரும். அதனால் ஃபாரிஸ் என்னிடம் கேட்டான். ஏழு வரியில் எழுதிக் கொடுத்தேன். அதை அட்டையாக்கி, கேஸ் மேசைக்கு மேலே ஒட்டினான்.

நான்காவது வரி: 'சுட்டும் வெடிக்காத ஷெல்லைக் காலி என்று நம்ப வேண்டாம்.'

(பாருங்கள், எழுதியிருக்கிறேன். இரண்டு நாளாக இந்த வரியைத்தான் கட்டிக்கொண்டு அழுகிறேன்.)

ஐந்தாவது வரி: 'வாரம் ஒருமுறை வால்வு வளையத்துக்கு ஒரு சொட்டு எண்ணெய் விடவும்.'

4

ஐந்தாவது வரியை நான் முதலில் எழுதியது இப்படி: 'வாரம் ஒருமுறை வால்வு வளையத்துக்கு ஒரு சொட்டு சிலிகான் எண்ணெய் மட்டும் விடவும்.'

வரி நீண்டு, கடைசிச் சொல் அடுத்த வரிக்கு இறங்கிவிட்டது. பார்க்க அசிங்கமாக இருந்தது. ஷெல்லோடு ஒரு குட்டி எண்ணெய்ப் பாட்டில் வந்திருக்கிறது, வேறு எதை விடப்போகிறார்கள் என்று நினைத்தேன். இரண்டு சொற்களை அடித்தேன். அழகாக ஒரே வரியில் அமர்ந்துவிட்டது. திருப்தியாகத் தேநீர் குடித்தேன்.*

* இரண்டு நாளாகத் தேநீர் குடிக்கவில்லை.

பாட்டில் இரண்டே மாதத்தில் தீர்ந்தது. தோல் மண்டியில் எது இறுகினாலும் தோலுக்குப் பூசும் மீன் எண்ணெயைத்தான் விடுவார்கள். ஷட்டர் பூட்டுக்கும் அதுதான், சைக்கிள் செயினுக்கும் அதுதான், ஃபாரிஸின் மனைவி சபிஹாவின் தையல் மிஷினுக்கும் அதுதான். பாண்டிச்செல்வி அட்டையைப் பார்த்தாள். எண்ணெய் என்று இருந்தது. டின்னைத் திறந்தாள். ஒரு வாரம்கூடத் தவறாமல் விட்டிருக்கிறாள்.

மீன் எண்ணெய் காயக்காயப் பிசினாகும்.

5

ஞாயிற்றுக்கிழமை ஒரு ஷெல் சுடவில்லை. வளையம் ஒட்டிக்கொண்டு கேஸை உள்ளேயே பிடித்து வைத்திருக்கிறது. காலி என்று நினைத்து வெயிலில் கிடந்த பெஞ்சில் போட்டுவிட்டார்கள். ஆட்டம் முடிந்து, எல்லாரும் கண்ணாடியைக் கழற்றிய பிறகு, என்ன கோளாறு என்று ஃபாரிஸ் அதை எடுத்து உள்ளே பார்த்தான். அந்த நேரம் பார்த்து வளையம் விட்டுக்கொடுக்க, மணிகள் அவன் முகத்தில் பாய்ந்தன.

நான் அங்கேதான் இருந்தேன். அவனுக்குப் பணியாரம் கொண்டு போயிருந்தேன். அவன் கையால் முகத்தைப் பொத்திக்கொண்டு, "அக்கா, ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று சொன்னான். விரல் இடுக்கில்

இதற்கு மேல் என்னால் எழுத முடியவில்லை.

வலது கண்ணில் இனி பார்வை இல்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

6

இன்று காலை சபிஹா வந்தாள். அழுது அழுது குரல் கம்மியிருந்தது.

"அந்தப் பொம்பள கண்டதையும் ஊத்தி என் மாப்ள கண்ணப் பறிச்சுட்டாக்கா. ஸ்டேஷன்ல எழுதிக் குடுக்கப் போறேன். நீங்க எழுதுன அட்டைய எடுக்கப் போனேன், அங்க காணோம். உங்ககிட்ட இன்னொண்ணு இருக்கும்ல? அதுல தெளிவா இருக்கும்ல?"

"இருக்கு" என்றேன். எதற்கு இருக்கு என்றேன்?

"அஞ்சு மணிக்கு ஆட்டோ கொண்டுட்டு வாரேன். நீங்களும் கூட வாங்க."

மதியம் பாண்டிச்செல்வி போன் செய்தாள். அவள் என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"அக்கா, அந்த அட்டையில என்ன எண்ணெய்னு போட்டிருந்துச்சு? தெனமும் பாத்ததுதான், இப்பப் பதட்டத்துல ஞாபகமே வர மாட்டேங்குது. நாந்தான் அரைகொறையாப் படிச்சுட்டேனாக்கும். பாவி, அவுக கண்ணுல்ல போச்சு."

போனை வைத்துவிட்டேன். ஆமாம், நான்தான் வைத்தேன்.

7

முடிவு ஒன்று: ஸ்டேஷனில் அல்போன்சா உண்மையைச் சொல்கிறாள். (எழுதும்போதே எனக்கு நம்பிக்கை வரவில்லை. அவளை எனக்குத் தெரியும்.)

முடிவு இரண்டு: அட்டை தொலைந்துவிட்டது என்கிறாள்.

முடிவு மூன்று: இதை எழுதக் கூசுகிறது. போனை வைத்த கையோடு கணினியில் அந்தப் பழைய கோப்பைத் திறந்தேன். அடித்த இரண்டு சொற்களையும் அதே இடத்தில் வைத்தேன். அச்செடுத்து, முக்குக் கடையில் லேமினேட் செய்து கொண்டுவந்தேன்.

இரண்டு அட்டைகளும் இப்போது மேசையில் இருக்கின்றன. பழையதில் பாண்டிச்செல்வியின் கட்டைவிரல் தடம், மீன் வாடையோடு. புதியதில் ஐந்தாவது வரி நீண்டு, கடைசிச் சொல் கீழே இறங்கி நிற்கிறது. இப்போது அது அசிங்கமாகவே தெரியவில்லை.

எதை எடுக்கிறேன் என்று நானே எழுதினால், அதையும் திருத்திவிடுவேன். என் கைமீது எனக்கு நம்பிக்கையில்லை. கையை மேசையிலிருந்து எடுத்துவிட்டேன்.

எந்த அட்டை என்று நீங்கள் எடுத்துக் கொடுங்கள். சீக்கிரம். சபிஹா ஆட்டோவிலிருந்து இறங்கிவிட்டாள்.