சைக்கிளைத் தொடக் கூடாது என்று ஒரு தீர்மானம்

எங்கள் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. யாருக்கு எதைக் கொடுத்தாலும், கொடுக்கிற நேரத்தில் எல்லார் கையும் அதன் மேல் இருக்க வேண்டும். தையல் இயந்திரம் என்றால் பரவாயில்லை, ஆளுக்கொரு மூலையைப் பிடித்துக்கொள்ளலாம். ஒருமுறை பள்ளிக்கூடத்துக்கு உலக உருண்டை கொடுத்தோம். அந்தப் புகைப்படத்தில் தேடினாலும் உலகம் தெரியாது, விரல்கள்தான் தெரியும். செயலாளராக இருக்கும் போட்டோ ஸ்டுடியோக்காரர் படம் எடுப்பதற்கு முன்னால், "கை வைங்க, கை வைங்க, கை தெரியாதவங்க அப்புறம் எங்கிட்ட வந்து சண்டை போடக் கூடாது" என்று கத்துவார். நாங்களும் முண்டியடித்துக்கொண்டு கை வைப்போம்.

இந்தப் பாழாய்ப்போன வழக்கம் என் அண்ணியை என்ன பாடு படுத்தியது என்று சொல்லத்தான் ஆரம்பித்தேன்.

நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். சங்கத்தில் எனக்கு ஊசி என்று பெயர். வாயும் அப்படித்தான் என்பார் பிளம்பர் அண்ணன். சொல்லிவிட்டுப் போகட்டும். புதன்கிழமை சாயங்காலம் பல் டாக்டரின் காத்திருப்பு அறையில்தான் கூட்டம், அந்தம்மாதான் தலைவர். கடைசி நோயாளி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வெளியே போனதும் நாற்காலிகளை வட்டமாகத் திருப்பிப் போடுவோம். டாக்டரம்மா மேஜை மணியை அடிப்பார். போன வாரம் என்ன செய்தோம், அடுத்த வாரம் என்ன செய்யப்போகிறோம் என்று பேசிவிட்டு டீ குடிப்போம். பிஸ்கட்டும் உண்டு. பல் டாக்டர் வாங்கிய பிஸ்கட், அதில் இனிப்பு இருக்காது.

வளர்ந்த பெண்களுக்கு சைக்கிள் சொல்லிக் கொடுக்கலாம் என்பது பிளம்பர் அண்ணனின் யோசனை. ஞாயிற்றுக்கிழமை காலையில் காய்கறிச் சந்தைக்குப் பின்னால் இருக்கும் வண்டி நிறுத்துமிடம் காலியாகக் கிடக்கும். அதில் ஒரு சுற்றுச் சுவர், ஒரு இரும்புக் கேட், தரையில் வெள்ளைக் கோடுகள். வேறென்ன வேண்டும்? முதல் வாரம் நிறையப் பேர் வந்தார்கள். பாதிப் பேர் சின்ன வயதில் ஓட்டியவர்கள், ஏறினார்கள், போயே போய்விட்டார்கள். மீதிப் பேரும் ஓரிரு வாரத்தில் தேறிவிட்டார்கள். மிச்சம் இருந்தது என் அண்ணி மட்டும்தான். அங்கேதான் வந்தது வினை. கற்றுக்கொள்ள ஒரே ஆள், சொல்லிக் கொடுக்க ஒரு சங்கம்.

அண்ணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் அண்ணன் லாரி ஓட்டுகிறவர். கிளம்பினால் வாரக்கணக்கில் ஊர்ப்பக்கம் வர மாட்டார். மகள் கல்லூரி விடுதிக்குப் போய்விட்டாள். அண்ணி வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற ஆள் இல்லை. யாரிடமும் சொல்லாமல் போய், புறவழிச் சாலையில் இருக்கும் ரொட்டித் தொழிற்சாலையில் பொட்டலம் கட்டும் பிரிவில் வேலை கேட்டு வாங்கிவிட்டார். விடியற்காலை ஷிப்டு. அந்த நேரத்துக்கு அங்கே பஸ் கிடையாது.

"சூப்பர்வைசர் கேட்டார், சைக்கிள் இருக்காம்மான்னு. இருக்குன்னேன். பொண்ணோட சைக்கிள் வீட்டுல சும்மாதானே நிக்குது?" என்றார் என்னிடம்.

"அண்ணி! உங்களுக்கு ஓட்டத் தெரியாதே!"

"அதை அவர் கேக்கலையே."

எனக்குச் சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. அண்ணி சிரிக்கவில்லை. "வர்ற திங்கட்கிழமை இல்ல, அதுக்கடுத்த திங்கட்கிழமை விடியக்காலைல கேட்டுல நிக்கணும். நிக்கலைன்னா அடுத்த ஆளைக் கூப்பிட்டுருவாங்களாம். எனக்கு இந்த வேலை வேணும்டி. கல்யாணம் ஆகி வந்ததுலேர்ந்து, யாராவது கொண்டு போய் விட்டாத்தான் ஒரு இடத்துக்குப் போறேன். மார்க்கெட்டுக்கு உங்கண்ணன், ஆஸ்பத்திரிக்கு நீ. எனக்கே அலுத்துப் போச்சு" என்றார்.

சங்கத்தில் இதைச் சொன்னதுதான் தாமதம், எல்லாருக்கும் உற்சாகம் தலைக்கேறிவிட்டது. எல்லாரும் அவரை அண்ணி என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள், டாக்டரம்மா உட்பட. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு ஆள் விடாமல் வந்து சேர்ந்தார்கள். பிளம்பர் அண்ணன் சீட்டுக்குப் பின்னால் பிடித்தார். நான் ஹேண்டில்பாரின் இந்தப் பக்கம், டாக்டரம்மா அந்தப் பக்கம். கேரியரில் இன்னும் நாலு கை. அண்ணி நடுவில் ராணி மாதிரி உட்கார்ந்திருந்தார். நாங்கள் தள்ளினோம், ஓடினோம், மூச்சு வாங்கினோம். சுவர் வந்ததும் எல்லாருமாகச் சேர்ந்து இழுத்து நிறுத்தினோம். ஸ்டுடியோக்காரர் பின்பக்கமாக ஓடிக்கொண்டே படம் எடுத்தார்.

"சூப்பர் அண்ணி! பேலன்ஸ் வந்துருச்சு!" என்று கத்தினார் பிளம்பர் அண்ணன். எங்களுக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே!

புதன்கிழமை கூட்டத்துக்கு அண்ணியை விருந்தாளியாக அழைத்திருந்தோம். டாக்டரம்மா மணி அடித்துவிட்டு, "நம்ம சைக்கிள் திட்டம் முழு வெற்றி" என்று அறிவித்தார். கைதட்டல் பறந்தது. "அண்ணி, நீங்க ரெண்டு வார்த்தை பேசணும்."

அண்ணி எழுந்தார். முந்தானையை இழுத்துச் செருகினார். "எல்லாருக்கும் ரொம்ப நன்றி. எனக்காக இவ்வளவு ஓடியிருக்கீங்க. ஆனா எனக்கு இன்னும் சைக்கிள் ஓட்டத் தெரியாது. உங்க எல்லாருக்கும் நல்லாத் தள்ளத் தெரிஞ்சிருச்சு."

கைதட்டத் தூக்கிய கைகள் அப்படியே இறங்கின. சுவரில் மாட்டியிருந்த பல்வரிசைப் படம் மட்டும் இளித்துக்கொண்டிருந்தது.

"யாரும் ஒரு நிமிஷங்கூடக் கையை எடுக்க மாட்டேங்கறீங்க. நான் மிதிக்கிறேனா, நீங்க தள்றீங்களான்னே எனக்குத் தெரியல. இப்படியே போனா திங்கக்கிழமை நீங்க எல்லாரும் ஃபேக்டரி வரைக்கும் ஓடி வரணும்" என்றார் அண்ணி. சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது கோபம். "எல்லாம் இந்த ஆளால!" என்று ஸ்டுடியோக்காரர் மேல் பாய்ந்தேன். "கை வைங்க கை வைங்கன்னு கத்திக் கத்தி நமக்கு இது வியாதியாவே ஆயிருச்சு! எதைப் பாத்தாலும் கை போயிருது!"

"ஏம்மா, நான் படம் எடுக்குறவன். பிடிச்சது நீங்க" என்றார் அவர்.

"சண்டை போடாதீங்க. முதல் கை நம்ம ஊசியோடதுதான். அதைத்தான் எடுக்கவே முடியல" என்றார் அண்ணி.

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கு முகம் சுருங்கிப் போனது. ஆனால் சொன்னதில் தப்பு என்ன இருக்கிறது? நான் அந்த ஹேண்டில்பாரை விட்டால்தானே! நான் எழுந்தேன். "டாக்டரம்மா, நான் ஒரு தீர்மானம் கொண்டு வர்றேன். எழுதிக்குங்க" என்றேன். என் வாழ்க்கையில் முதல்முறையாகச் சுத்தத் தமிழ் பேசினேன். "அண்ணியின் சைக்கிள் ஓடும்போதும், சாயும்போதும், விழும்போதும் உறுப்பினர் எவரும் அதைத் தொடக் கூடாது என்று இக்கூட்டம் தீர்மானிக்கிறது."

"வழிமொழியறேன்" என்று துள்ளி எழுந்தார் பிளம்பர் அண்ணன்.

"அப்போ போட்டோ?" என்றார் ஸ்டுடியோக்காரர் பரிதாபமாக.

டாக்டரம்மா மணியை ஓங்கி அடித்தார். ஏகமனதாக நிறைவேறியது. இத்தனை வருஷத்தில் உதவி செய்யக் கூடாது என்று எங்கள் சங்கம் போட்ட ஒரே தீர்மானம் அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை. விடிந்தால் திங்கள். சந்தைக்குப் பின்னால் எல்லாரும் சுவரோரமாக வரிசையாக நின்றோம். கையைப் பின்னால் கட்டிக்கொண்டவர்கள் பாதி, அக்குளில் செருகிக்கொண்டவர்கள் பாதி. அண்ணி தோளில் குறுக்காகச் சின்னப் பையை மாட்டிக்கொண்டு, புடவையைத் தூக்கிச் செருகி, தனியாகப் போய் சைக்கிளில் ஏறினார். ஒரு மிதி மிதித்தார். தடால்!

வரிசை மொத்தமும் முன்னால் பாய்ந்தது.

"தீர்மானம்! தீர்மானம்!" என்று அலறினார் டாக்டரம்மா. நாங்கள் பிரேக் போட்ட மாதிரி நின்றோம். அண்ணி முழங்கையைத் தடவிக்கொண்டு தானே எழுந்தார், தானே சைக்கிளைத் தூக்கினார். மறுபடி ஏறினார். மறுபடி விழுந்தார். பிளம்பர் அண்ணன் கண்ணை இறுக மூடிக்கொண்டு, "விழுந்தாச்சா, எழுந்தாச்சா, சொல்லுங்க" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு தடவை விழும்போதும் என் கையை நானே கிள்ளிக்கொண்டேன்.

அப்புறம் விழவில்லை.

ஆடினார், அசைந்தார், இந்தா விழுந்தார் என்று நினைத்தோம், விழவில்லை! வெள்ளைக் கோடு ஒவ்வொன்றாகத் தாண்டிப் போகிறார். கோணலும் மாணலுமாக ஒரு சுற்று வந்துவிட்டார். "அய்யோ, ஓட்றாங்க! ஓட்றாங்கடா!" என்று ஸ்டுடியோக்காரர் கேமராவையே மறந்து குதித்தார். டாக்டரம்மாவும் நானும் கையைப் பிடித்துக்கொண்டு பைத்தியம் பிடித்தவர்கள் மாதிரி சுற்றினோம். எனக்குத் தலைகால் புரியவில்லை.

இரண்டாவது சுற்றில் எங்களைத் தாண்டும்போது அண்ணி என்னமோ கத்தினார். முகத்தில் சிரிப்பும் இல்லை. வேகம் குறையவும் இல்லை. நேராகக் கேட்டைத் தாண்டி சாலைக்குப் போய்விட்டார். மூலையில் திரும்பினார். ஆளைக் காணோம்.

"என்ன சொன்னாங்க?" என்றார் டாக்டரம்மா.

"எப்படி நிறுத்துறதுன்னு கேட்டாங்க" என்றார் பிளம்பர் அண்ணன். அவர் முகம் வெளுத்துப் போயிருந்தது.

எங்களுக்கு அப்போதுதான் உறைத்தது. போன ஞாயிற்றுக்கிழமை முழுக்க சுவர் வந்ததும் நாங்கள்தானே இழுத்து நிறுத்தினோம்! அவர் கை ஒருமுறையாவது பிரேக்கைத் தொட்டதா? அடப்பாவிகளா! அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடினோம். மூலையில் யாரும் இல்லை. அடுத்த தெருவிலும் இல்லை. நான் போன் அடித்தேன், அடித்துக்கொண்டே இருந்தேன், எடுக்கவில்லை. அண்ணனுக்கு என்ன பதில் சொல்வேன்? எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பிளம்பர் அண்ணன் ஓடிப்போய்க் குழாய் ஏற்றும் வேனைக் கொண்டுவந்தார். எல்லாரும் குழாய்களுக்கு நடுவில் ஏறி அடைந்துகொண்டோம். வேன் கிளம்பப் போன நேரத்தில் என் போன் அடித்தது.

"அண்ணி! எங்க இருக்கீங்க? அடிபட்டுச்சா? கை கால் எல்லாம் இருக்கா?"

"கத்தாதடி, காது வலிக்குது. ஃபேக்டரி வாசல்ல இருக்கேன்."

"எந்த ஃபேக்டரி?"

"ரொட்டி ஃபேக்டரி. இறங்கத் தெரியல, அதனால மிதிச்சுக்கிட்டே வந்துட்டேன். வாசல்ல மேடு இருக்குல்ல, அதுல தானா நின்னுருச்சு." அண்ணிக்கு மூச்சு வாங்கியது, ஆனால் குரலில் ஒரு குதியாட்டம். "சூப்பர்வைசர் வெளியில நின்னு டீ குடிச்சிட்டு இருந்தார். நாளைக்குத்தானே வரச் சொன்னேன்னார். வழி பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன் சார்னு சொல்லிட்டேன்."

நான் சிரித்தேனா அழுதேனா தெரியாது. வேனில் இருந்த எல்லாரும் "என்ன, என்ன" என்று என் தோளைப் பிய்த்தார்கள். சொன்னேன். வேன் அதிர்ந்தது. டாக்டரம்மா ஒரு குழாயைத் தட்டி மணி அடித்தார்.

"அங்கேயே நில்லுங்க அண்ணி, அசையாதீங்க. வேன் எடுத்துட்டு வர்றோம். சைக்கிளையும் ஏத்திக்கலாம்" என்றேன்.

"ஒருத்தரும் வரக் கூடாது."

"அண்ணி, சொன்னாக் கேளுங்க. பிரேக்..."

"பிரேக்கெல்லாம் வாசல்ல இருந்த வாட்ச்மேன்கிட்டக் கேட்டுக்கிட்டேன். மேட்டுலேர்ந்து இறங்கி இறங்கி நிறுத்திப் பாத்துட்டேன். ஜம்முனு நிக்குது."

"அந்த ரோடு முழுக்க லாரிங்க அண்ணி!"

"லாரிக்காரன் பொண்டாட்டிடி நான்" என்றார். "எனக்கு வழி தெரியும், நானே வந்துக்கறேன். பேசிக்கிட்டே ஓட்ட முடியாது, போனை வை."

வைத்துவிட்டார். வேனில் எல்லாரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிளம்பர் அண்ணன் கியரில் கையை வைத்து, "போலாமா ஊசி?" என்றார்.

"எஞ்சினை ஆஃப் பண்ணுங்கண்ணே" என்றேன். "எல்லாரும் இறங்குங்க. அவங்க வந்துருவாங்க."

முதலில் இறங்கியது நான்தான். இறங்கி, சாலையோரமாக நின்றுகொண்டு, யார் பார்த்தால் என்ன என்று வாய்விட்டு அழுதேன்.