ஒன்றரை லிட்டர் ஆயில்

என் தங்கச்சி புருஷனும் நானும் பேசி மூன்று வாரம் ஆகியிருந்தது. பேச்சுதான் நின்றதே தவிர வேலை நிற்கவில்லை. ஒரே ஷெட், ஒரே கார், ஒரே ஸ்பேனர் பெட்டி. அவருக்கு என்னிடம் ஏதாவது ஆகவேண்டியிருந்தால் தங்கச்சியைக் கூப்பிடுவார்.

"உங்க அண்ணன்கிட்ட சொல்லு, அந்தக் கிளாம்பை இன்னும் ஒரு சுத்து இறுக்கணும்."

நான் அவருக்கு இரண்டடி தள்ளித்தான் குனிந்திருப்பேன்.

"உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லு, இறுக்கியாச்சு. இதுக்கு மேல இறுக்கினா குழாய் கிழியும்."

அடுப்படிக் கதவு ஷெட்டுக்குள்தான் திறக்கும். தங்கச்சி அந்த வாசலில் நின்று இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்ப்பாள். "ரெண்டு பேருக்கும் காது நல்லாத்தானே கேக்குது? எனக்குச் சம்பளம் போட்டுடுங்க, தபால் வேலை பாத்துட்டுப் போறேன்," என்பாள்.

சண்டை வந்தது ஒரு விரல் தடிமன் குழாயால். கார் பழைய டீசல் கார். தங்கச்சி அதற்கு எருமை என்று பெயர் வைத்திருந்தாள். மாப்பிள்ளை பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். பகலெல்லாம் ஊர் வண்டியைப் பார்த்துவிட்டு வந்து, மிச்சப் பொழுதில் இரண்டு வருஷமாக இந்த எருமையைக் கட்டிக்கொண்டிருந்தார். அந்த மாதிரி இன்ஜின் இப்போது எங்கும் வருவதில்லை. பழைய இரும்புக் கடைகளில் ஒன்றரை வருஷம் தேடி எடுத்த இன்ஜின் அது. இது போனால் இன்னொன்று கிடையாது. இரண்டு வருஷமும் அதோடு போகும்.

இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளுகிற டர்போவைப் பெரியதாகப் போட்டார். பழைய ஏர் பாக்ஸைக் கழற்றி எறிந்துவிட்டு, பம்பருக்குப் பின்னால் குளிர்ந்த காற்று படும் இடத்தில் கூம்பு ஃபில்டர் வைத்து, அங்கிருந்து டர்போவுக்கு முழங்கை மொத்தத்தில் சிலிக்கான் குழாய் போட்டார். எல்லாம் சரி. டர்போ பெரிதானால் பிஸ்டனைத் தாண்டிக் கீழே கசிகிற காற்றும் கூடும். அது இன்ஜின் வயிற்றில் சேரும். அதற்கு ஒரு வழி விடாவிட்டால் சீலைப் பிதுக்கிக்கொண்டு ஆயில் வெளியே வந்துவிடும். அந்த வழிக்குப் பெயர் ப்ரீதர். வருகிற புகையில் ஆயிலும் கலந்திருக்கும். அந்த ஆயிலைப் பிடித்துவைக்க ஒரு டப்பா வேண்டும். அந்த டப்பாவைச் செய்தது நான். வெல்டிங் என் தொழில்; பெரும்பாலும் இரும்பு கேட்டுகளைப் பற்றவைப்பேன். இரும்புக் குழாயை வெட்டி, மேலும் கீழும் மூடி வைத்து, அடியில் ஒரு சின்னத் திருகுக் குழாயும் வைத்துக் கொடுத்தேன்.

டப்பாவிலிருந்து மிச்சப் புகை எங்கே போவது என்பதில்தான் முட்டிக்கொண்டது. தரைக்கு விட்டுவிடுங்கள் என்றேன். டீசல் இன்ஜின், ஆயிலை உறிஞ்சிக்கொண்டால் தானாக ஓட ஆரம்பித்துவிடும், பட்டறைக்கு வந்த ஒரு ஜெனரேட்டரில் பார்த்திருக்கிறேன் என்றேன். அவர் மறுபடி இன்ஜின் காற்றை உறிஞ்சுகிற இன்டேக் குழாய்க்கே கொடுக்க வேண்டும் என்றார். புகையை வெளியே விட்டால் தகுதிச் சான்று தரும் சோதனைக்காரர் வண்டியைத் திருப்பி அனுப்பிவிடுவாராம். அன்றைக்கு அவருடைய பணிமனைக் கூட்டாளிகள் நாலு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்கள் முன்னால், "மச்சான், கேட்டு பத்த வைக்கிறவர் கேட்டோட நிறுத்திக்கணும். இன்ஜினை என்கிட்ட விட்டுடுங்க," என்றார். நாலு பேரும் சிரித்தார்கள். நான் வாயை மூடிக்கொண்டேன். மூடியது மூடியதுதான்.

வீம்பு என்றால் வீம்பு, ஆனால் காரை விடவும் மனசு வரவில்லை. ஒரு வியாழக்கிழமை அவர் வேலையிலிருந்து வருவதற்கு முன் ஆயில் கம்பியை உருவிப் பார்த்தேன். கீழ்க்கோட்டுக்கும் கீழே இருந்தது. இன்ஜினை ஓட விடாமல் சும்மா சுற்றிப் பார்த்ததில் புது டர்போவும் புதுக் குழாய்களும் குடித்திருக்கும். அவரிடம் எப்படிச் சொல்வது? தங்கச்சி மூலம் சொன்னால், நான் இறங்கி வந்த மாதிரி ஆகிவிடும். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆயில் வாங்கிக்கொண்டு வந்து, அவர் குளிக்கப் போயிருந்த நேரத்தில் ஒன்றரை லிட்டர் ஊற்றினேன். கம்பியை மறுபடி உருவிப் பார்க்கவில்லை. வியாழக்கிழமை பார்த்தது கண்ணிலேயே நின்றது. என் கண்மேல் அத்தனை நம்பிக்கை.

அன்று மதியம் முதல் ஓட்டம். முன்பக்கம் கட்டையில் நின்றது. சக்கரத்தைச் சுற்றுகிற ஆக்ஸில் இரண்டும் இன்னும் மாட்டாமல் சுவரோரம் கிடந்தன. தங்கச்சி டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள். ஆக்ஸிலேட்டரைப் பிடித்துக்கொள்வது அவள் வேலை. மாப்பிள்ளை பானெட்டுக்கு இடப்பக்கம், நான் வலப்பக்கம்.

சாவியைத் திருப்பினாள். இரண்டு சுற்று இழுத்துப் பிடித்துக்கொண்டது. மாப்பிள்ளையின் முகத்தில் வந்த சந்தோஷத்தை மறைக்க அவர் குனிந்துகொண்டார். பத்து நிமிஷம் மெதுவாக ஓடியது. கசிவு இல்லை.

"மூவாயிரத்துல வச்சுப் பிடி," என்றார்.

முள்ளை மூவாயிரம் சுற்றில் வைத்துப் பிடித்தாள். டர்போ விசில் அடிக்க ஆரம்பித்தது. ஒரு நிமிஷம் இருக்கும். சைலன்ஸரில் லேசாக நீலப் புகை வந்தது. மாப்பிள்ளை கையைக் காட்டி, காலை எடு என்றார். அவள் எடுத்தாள். சத்தம் குறையவில்லை.

"காலை எடுன்னேன்ல."

"எடுத்துட்டேங்க."

சத்தம் ஏறியது.

"ஆஃப் பண்ணு, ஆஃப் பண்ணு."

அவள் சாவியைத் திருப்பினாள். பிறகு உருவியே விட்டாள். கண்ணாடி வழியாக எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்படி சாவியைத் தூக்கிக் காட்டினாள். சாவி அவள் கையில் இருக்கிறது, இன்ஜின் நாலாயிரத்தைத் தாண்டி ஏறிக்கொண்டிருக்கிறது. டீசல் நின்றுவிட்டது. அது தன் ஆயிலையே குடித்து ஓடுகிறது. ஆயில் தீரும்வரை, இல்லை வெடிக்கும்வரை ஓடும்.

கியரில் போட்டு பிரேக்கை மிதித்து அமுக்கிவிடலாம் என்றால் ஆக்ஸில் சுவரோரம் கிடக்கிறது. ஷெட் முழுக்க வெள்ளைப் புகை. அந்தச் சத்தத்தில் யார் சொன்னாலும் யாருக்கும் கேட்காது. தங்கச்சியின் வாய் அசைந்தது, ஒன்றும் வரவில்லை. தபால் போக வழியில்லை.

மாப்பிள்ளை என் பக்கம் ஓடிவந்து என் சட்டையைப் பிடித்துக் காதோரம் கத்தினார். "மச்சான், அவளை இறக்குங்க."

நான் கதவைத் திறந்து அவள் தோளைப் பிடித்து இழுத்து வெளியே தள்ளினேன். திரும்பினால் அவர் பம்பருக்குக் கீழே படுத்திருக்கிறார். கூம்பு ஃபில்டரைப் பிடித்து இழுக்கிறார். வரவில்லை. கிளாம்பு இறுகியிருக்கிறது. இறுக்கியவன் நான். ஸ்க்ரூ டிரைவரோடு நானும் படுத்தேன். மரை ஒவ்வொரு சுற்றாகத்தான் விடும். தலைக்கு மேலே இன்ஜின் அலறுகிற அலறலில் என் பல் கூசியது. ஒன்பது சுற்று எண்ணினேன். ஃபில்டர் கையோடு வந்தது. குழாயின் வாய் திறந்து கிடந்தது, காற்றை அப்படி உறிஞ்சியது. மாப்பிள்ளை தன் உள்ளங்கையை விரித்து அதன்மேல் வைக்கப் போனார்.

நான் அவர் மணிக்கட்டில் ஓங்கி அடித்தேன். "கையை வைக்காதீங்க மாப்பிள்ளை. கை போயிடும்."

அவருக்குக் கேட்டதோ இல்லையோ, கையை இழுத்துக்கொண்டார். அப்போது தங்கச்சி எங்கள் கால்களுக்கு நடுவில் குனிந்து எதையோ நீட்டினாள். காய் நறுக்கும் பலகை. அடுப்படிக்கு ஓடி எடுத்து வந்திருக்கிறாள். மாப்பிள்ளை வாங்கிக் குழாய் வாயில் அறைந்தார். பலகை தானாக ஒட்டிக்கொண்டது. சிலிக்கான் குழாய் செத்த பாம்பு மாதிரிச் சப்பையாகிச் சுருங்கியது. இன்ஜின் இரண்டு முறை உதறியது. கார் கட்டையோடு ஆடியது. நின்றது.

காதுக்குள் மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. மூன்று பேரும் ஷட்டரைத் தூக்கிவிட்டு வாசலில் போய் நின்று இருமினோம்.

மாப்பிள்ளை தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். தங்கச்சியைக் கூப்பிடாமல் என்னைப் பார்த்தே பேசினார்.

"நீங்க சொன்னதுதான் சரி மச்சான். ப்ரீதரைத் தரைக்கு விட்டிருக்கணும். நாலு பேர் முன்னாடி உங்களை அப்படிப் பேசியிருக்கக் கூடாது."

அவர் ஆயில் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

"எனக்கு இந்த வேலை ஒத்து வராது. அவளை உள்ள உக்கார வச்சுக் கொன்னிருப்பேன். நாளைக்கே இரும்புக் கடைக்குப் போன் போடறேன், வந்து தூக்கிட்டுப் போகட்டும்."

நான் சொன்னதுதான் சரி என்பது மூன்று வாரமாக நான் காத்திருந்த வார்த்தை. வந்துவிட்டது. உள்ளுக்குள் ஒரு நிமிஷம் இனித்தது, பொய் சொல்ல மாட்டேன். சும்மா இருந்தால் போதும். கேட்டு பத்த வைக்கிறவன் சொன்னதுதான் சரி என்று ஊர் முழுக்க ஆகிவிடும். காலையில் ஊற்றிய ஆயிலின் காலி கேன் என் வண்டிப் பெட்டியில் இருக்கிறது, யாரும் பார்க்கவில்லை.

அவர் எழுந்து போய் ஆயில் கம்பியை உருவினார். அவ்வளவு எரிந்த பிறகும் மேல்கோட்டுக்கு மேலே ஒரு விரல்கடை ஏறியிருந்தது; அளவுக்கு மிஞ்சின ஆயில்தான் ப்ரீதர் வழியாகப் போயிருக்கிறது. கம்பியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"வெள்ளிக்கிழமை ஒன்றரை லிட்டர் ஊத்துனேன். கோட்டுக்குச் சரியாத்தான் ஊத்துன ஞாபகம். அதையும் ஒழுங்காப் பாக்கல போல நான்."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"நீங்க சரியாத்தான் ஊத்தியிருக்கீங்க. இன்னைக்குக் காலைல நானும் ஒன்றரை ஊத்தினேன்."

"என்னது?"

"வியாழக்கிழமை பார்த்தேன், குறைவா இருந்துச்சு. நீங்க ஊத்தினது தெரியாது. ஊத்துறப்ப பார்க்கவும் இல்ல."

கம்பியோடு என் பக்கம் திரும்பினார். என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். "ஒரு வார்த்தை," என்றார். "ஒரே ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்ன?"

"நீங்க சொன்னீங்களா, வெள்ளிக்கிழமை?"

தங்கச்சி அடுப்படிப் படியில் உட்கார்ந்திருந்தாள். "கிளாம்பு, நட்டு, கந்தல் துணின்னு எல்லாத்தையும் எங்கிட்ட சொன்னீங்க," என்றாள். "இதை மட்டும் ரெண்டு பேரும் வாயில போட்டு முழுங்கிட்டீங்க." எங்களைப் பார்க்கவில்லை.

இன்ஜின் ஆறும்வரை காத்திருந்தோம். கிராங்க் போல்ட்டில் ஸ்பேனரை மாட்டி நான் கையால் திருப்பினேன். அவர் காதை பிளாக்கில் வைத்துக்கொண்டார். முதல் சிலிண்டர் எதிர்த்து நின்று இறங்கியது; எதிர்த்தால் உள்ளே உடையவில்லை என்று அர்த்தம். இரண்டாவதும். மூன்றாவது இடத்தில் கை சும்மா போகப் போகிறது என்று நினைத்தேன். அதுவும் எதிர்த்தது. நாலாவதும் எதிர்த்தது. இன்னும் இரண்டு சுற்று திருப்பச் சொன்னார், திருப்பினேன். உரசல் இல்லை, தட்டல் இல்லை. இன்ஜின் பிழைத்துவிட்டது.

டர்போவின் வாய்க்குள் விரலை விட்டுத் தண்டை ஆட்டினார். கடகடவென்று ஆடியது. அது போய்விட்டது.

"இதுல இருந்து ஆரம்பிச்சுக் கழட்டலாம்," என்றார். இரும்புக் கடைப் பேச்சை மறுபடி எடுக்கவில்லை.

"கழட்டலாம். ஆனா ப்ரீதரைத் தரைக்கு விட்டுடுங்க மாப்பிள்ளை."

"விட முடியாது. சோதனையில நிக்காது."

"இன்னைக்கு என்ன ஆச்சுன்னு பார்த்தீங்கல்ல?"

"இன்னைக்கு ஆனது உங்க ஒன்றரை லிட்டரால. குழாயால இல்ல."

"குழாய் இல்லாம ஆயில் எப்படிப் பறந்து போய் இன்டேக்ல விழும்?"

"அப்ப டப்பாவைப் பெருசா பண்ணுங்க. உள்ள தடுப்பு வச்சுப் பத்த வைங்க. செய்யத் தெரியும்ல?"

"தெரியும். எவ்வளவு பெருசுன்னு அளவை நேரா எங்கிட்ட சொல்லுங்க."

அவருக்குக் கோபம் ஆறவில்லை, முகத்தில் தெரிந்தது. டர்போவின் கீழ் நட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமலே கையை என் பக்கம் நீட்டினார்.

"பதிமூணு குடுங்க."

ஸ்பேனர் பெட்டியில் பதிமூணாம் நம்பரைத் தேடி எடுத்துக் கொடுத்தேன்.