கண்ணாடித் தவளையின் ஒன்பதாவது துடிப்பு

மருத்துவமனையில் பத்தொன்பது வருடமாக ஈசிஜி எடுத்துவந்த பெண், போன இடம் தெரியாமல்போன தன் தம்பியின் இதயத்தைக் கண்ணாரப் பார்த்தது ஒரு செல்லப்பிராணிக் கடையில், கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிய ஒரு தவளையின் நெஞ்சுக்குள். அன்று ஞாயிற்றுக்கிழமை, முற்பகல் பதினொன்றரை மணி. அது யாருடைய இதயம் என்பதில் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. வேலை கற்றுக்கொண்ட காலத்தில், கூப்பிட்டதும் வந்து சட்டையைக் கழற்றிவிட்டு அசையாமல் படுத்த ஒரே ஆள் தம்பிதான். அவனுக்கு மட்டும் இருநூறு தடவைக்குமேல் எடுத்திருந்தாள். எட்டுத் துடிப்பு ஒழுங்காக நடக்கும். ஒன்பதாவது முந்திரிக்கொட்டை மாதிரி முந்திக்கொண்டு வரும். பிறகு, மாடிப்படி முடிந்தது தெரியாமல் கால் இன்னொரு படியைத் தேடுவதுபோல ஓர் இடைவெளி. அதன்பின் தோளால் கதவைத் தள்ளுவதுபோலக் கனமாக ஓர் அடி. உலகத்தில் இன்னொருவருக்கு அப்படி அவள் பார்த்ததில்லை.

தம்பி வீட்டைவிட்டுப் போனதும் அந்த ஒன்பதாவது துடிப்பால்தான். இருபத்தைந்து வயதில் அவனுக்குக் கப்பல் வேலை கிடைக்கவிருந்தது. உடல் தகுதிச் சான்றிதழ் ஒன்றுதான் பாக்கி. ஈசிஜி எடுக்க வேண்டியவள் அக்கா. அவளுக்கே எடுத்த ஈசிஜி காகிதத்தைத் தன் பெயர் போட்டு உள்ளே வைத்துவிடச் சொன்னான். "ஒரு பேப்பர மாத்தி வைக்கிறதுல உனக்கு என்னக்கா கொறஞ்சிடப்போகுது?" என்று கேட்டான். அவள் உள்ளதை உள்ளபடி எழுதிக் கையெழுத்துப் போட்டாள். வேலை கைநழுவிப்போனது. மறுநாள் ஒரு பையுடன் கிளம்பிப் போனவனிடமிருந்து பதினொரு வருடமாக ஒரு வரி கிடையாது. தான் செய்தது சரி என்பதில் அவளுக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனாலும் வீட்டு வாசலில் யாராவது செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டால் கையிலிருப்பதை அப்படியே வைத்துவிட்டு எட்டிப்பார்ப்பாள்.

தவளை வளர்க்கும் ஆசை அவளுடையதல்ல, கணவருடையது. அவர் லிப்ட் மெக்கானிக். எதையும் அளக்காமல் தொடமாட்டார். கூடத்துச் சுவரோரம் இடுப்பளவு உயரத்தில் ஒரு கண்ணாடித் தொட்டியை நிறுத்தி, அடியில் தண்ணீர் வடிய சுட்ட களிமண் உருண்டைகள், அதன்மேல் வலை, வலைமேல் தேங்காய்நாரும் கரியும் கலந்த மண், மண்மேல் பாசியும் சருகும் என்று அடுக்கினார். செடிகள் வேர்பிடிக்கவும், சருகைத் தின்று மண்ணைச் சுத்தமாக வைக்கும் பொடிப் பூச்சிகள் பெருகவும் எட்டு மாதம் தொட்டியைக் காலியாகவே வைத்திருந்தார். வீட்டுக்கு வந்தவர்கள் தவளை எங்கே என்று கேட்டால், "வீடு கட்டி முடிக்காம யாராவது குடிவைப்பாங்களா?" என்பார். மேலே நீர் தூவும் நுண்குழாய்கள் நான்கு மணிநேரத்துக்கு ஒருமுறை உஸ்ஸென்று மூச்சுவிட்டன.

கடைக்காரர் நேர்மையான ஆள். காட்டில் பிடித்துவந்ததை வாங்காதீர்கள், தொட்டியிலேயே பொரித்ததாகப் பாருங்கள், முதுகெலும்பு துருத்தக்கூடாது, கண் தெளிவாக இருக்க வேண்டும், ஒரே தொட்டியில் இரண்டு இனத்தைப் போடாதீர்கள் என்றெல்லாம் சொன்னார். கணவர் நீலத்தில் கரும்புள்ளி போட்ட தவளைகளைப் பார்த்துக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தபோது, மூலையில் ஒரு சின்னப் பெட்டியின் கண்ணாடியில் வயிற்றை ஒட்டிக்கொண்டு தூங்கிய வெளிர்பச்சைத் தவளையை அவள் பார்த்தாள். வயிற்றுத்தோல் கண்ணாடிபோல இருந்தது. உள்ளே சிவப்பாக ஒரு கடுகு துடித்தது. ஒன்பதுவரை எண்ணினாள். மறுபடி எண்ணினாள்.

"ஏங்க, இதுதான் வேணும்."

"இது பகல் முழுக்க இலைக்கு அடியில தூங்கும்மா," என்றார் கடைக்காரர். "பார்க்கவே கெடைக்காது. அப்புறம், உங்ககிட்ட மறைக்கக்கூடாது. இது எப்ப வந்துச்சுன்னு எனக்கே தெரியாது. நான் எறக்கின சரக்குல இந்த ஜாதியே கெடையாது. ஒருநாள் காலையில கடையத் திறந்தா உக்காந்திருந்துச்சு."

வழியில் அவள் கணவரிடம் விஷயத்தைச் சொன்னாள். சத்தத்தை வைத்தே நாலு மாடி கீழே எந்தச் சக்கரம் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிப் பழகியவர் அவர். "எண்ணிப் பாத்தியா?" என்று கேட்டார். "ரெண்டு தடவை." "அப்ப சரி," என்றார். ஆனாலும் முறைப்படி முப்பது நாள் தனிப் பெட்டியில் ஈரத்தாள்மேல் வைத்து, நோயில்லை என்று தெரிந்தபிறகுதான் தொட்டியில் விட்டார். மச்சானாகவே இருந்தாலும் விதி விதிதான்.

அடுத்த இரண்டு வருடம் அந்த வீட்டில் தம்பியைப் பற்றிய செய்தி தினமும் வந்தது. தவளை அகன்ற இலையின் அடியில் கண்ணாடியை ஒட்டித் தூங்கும். அவள் வேலைக்குப் போகுமுன்னும், விடுமுறையில் நாள் முழுக்கவும் முட்டிபோட்டுப் பார்ப்பாள். தூங்குகிற தவளைக்கு இதயம் காலை ஏழு மணிக்கு ஓடத் தொடங்கியது, பன்னிரண்டுக்கு அடங்கியது. எங்கோ பாரம் தூக்குகிற வேலையில் இருக்கிறான் என்று புரிந்துகொண்டாள். ஒருமுறை நான்கு நாள் அவனுக்குக் காய்ச்சல். இன்னொரு நாள் மாலை காரணமே இல்லாமல் அந்த இதயம் ஒரு மணிநேரம் துள்ளியது. அவள் சமையலறையில் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். தவளைக்குத் தீனியான பழ ஈக்களைப் பெருக்கி வளர்ப்பது, தண்ணீரை வடிகட்டுவது எல்லாம் கணவரைவிட அவளுக்கே கைவந்தது.

மூன்றாம் கோடையில் தெருமுனை டிரான்ஸ்பார்மர் வெடித்து மூன்று நாள் மின்சாரம் இல்லாமல் போனது. நுண்குழாய்கள் நின்றன. தொட்டிக்குள் சூடு ஏறியது. தவளை இலையிலிருந்து நழுவிப் பாசிமேல் மல்லாந்து கிடந்தது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து முதல்முறையாக அவள் சொல்லாமல் லீவு போட்டாள். கணவர் எங்கெங்கோ அலைந்து ஐஸ்கட்டி கொண்டுவந்து, துணியில் சுற்றித் தொட்டியின் மூடிமேல் அடுக்கினார். அவள் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கையால் நீர் தூவினாள். மூன்றாம் நாள் மத்தியானம் துடிப்பு நிமிடத்துக்கு நான்கு, பிறகு இரண்டு, பிறகு எதுவும் தெரியவில்லை. கணவர் அவள் தோளைத் தொட்டு, "போதும்மா," என்றார். அவள் கையை உதறிவிட்டுத் தூவினாள். அரைமணி கழித்து, கதவைத் தோளால் தள்ளுவதுபோல ஓர் அடி தெரிந்தது.

அதிலிருந்து ஒன்பதாம் நாள் பிற்பகல் தம்பி வந்தான். மெலிந்து, முன்தலை வழுக்கையாகி, அதே பையுடன் நின்றான். குளிர்பதனக் கிடங்கு ஒன்றில் மூட்டை தூக்குவதாகவும், போன வாரம் அறையில் சுருண்டு விழுந்ததாகவும், கூட இருந்தவர்கள் நாடி பார்த்துவிட்டு முகத்தைத் துணியால் மூடி வண்டிக்குச் சொல்லியனுப்பியதாகவும் சொன்னான். "அப்ப யாரோ மூஞ்சில தண்ணி தெளிச்சாங்கக்கா. விடாம தெளிச்சாங்க. அந்தப் பிடிவாதத்த வச்சே நீதான்னு தெரிஞ்சிருச்சு."

அடுத்த ஞாயிறு, ஆள் இல்லாத நேரம் பார்த்து, கணவரையும் துணைக்கு வைத்துக்கொண்டு அவனை மருத்துவமனைக்குக் கூட்டிப்போனாள். சட்டையைக் கழற்றி அசையாமல் படுத்தான். இயந்திரம் இரண்டு நிமிடம் நேர்கோடு போட்டது. பழுதோ என்று கணவரைப் படுக்கவைத்து எடுத்தாள். அவருக்கு எல்லாம் ஒழுங்காக வந்தது. மறுபடி தம்பிக்கு எடுத்தாள். நேர்கோடுதான். தம்பி விட்டத்தைப் பார்த்தபடி பேசினான்.

"எனக்குத் தெரியும்க்கா. அன்னிக்கு பஸ் ஸ்டாண்டுல நிக்கும்போது நெஞ்சுக்குள்ளேருந்து என்னமோ எகிறிக் குதிச்சு ஓடுச்சு. உன்மேல இருந்த கோபம்தான் போயிடுச்சுன்னு நெனச்சேன். அதுக்கப்புறம் டாக்டர் இருக்கிற பக்கமே போகல."

"இப்பக் கேட்டாலும் நான் அதையேதான் எழுதிக் குடுப்பேன்."

"அது தெரியாதா எனக்கு?"

அவள் அவன் நெஞ்சிலிருந்து ஒயர்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். கடைசி ஒயரைப் பிரிக்கும்போதுதான் அழுதாள்.

வீட்டில் அவன் தொட்டிமுன் நெடுநேரம் உட்கார்ந்திருந்தான். இதயத்தைத் திரும்பப் பொருத்த ஏதாவது வழியுண்டா என்று கணவர் மெதுவாகக் கேட்டார். தம்பி பாசியையும் செடியையும் மேலிருந்து இறங்கிய நீர்த்தூவலையும் பார்த்தான். "வேணாம் மாமா. என்கிட்ட இருந்ததவிட இங்க வசதியா இருக்கு," என்றான். கணவர் அன்றே ஒரு பேட்டரி வாங்கிவந்து தொட்டிக்குத் தனியாக இணைப்புக் கொடுத்தார். தம்பிக்கு ஒரு பழக்கடையில் வேலை கிடைத்தது. ஈக்களுக்கு வேண்டிய அழுகல் பழத்துக்குப் பஞ்சமில்லை.

அடுத்த மழைக்காலத்தில் தவளை முதல்முறையாகக் கத்தியது. விளக்கேற்றும் நேரத்தில், பல்லிடுக்கில் விசிலடிப்பதுபோல ஒரு மெல்லிய ஒலி. அதே வாரம் தம்பி சட்டைக்கு இஸ்திரி போட ஆரம்பித்தான். அடுத்த தெருத் தையற்காரியிடம் ஒரே மாதத்தில் ஏழு சட்டைக்கு அளவு கொடுத்தான். "ஜோடி பார்க்கணும் போலிருக்கே," என்றார் கணவர். "தவளைக்கா, தம்பிக்கா?" என்றாள் அவள். "முதல்ல வாய் தெறந்து கேக்குறவனுக்குப் பார்ப்போம்," என்றார் அவர்.

சொல்லாமல் கட்டிவைக்கக் கூடாது என்பதில் அக்கா உறுதியாக இருந்தாள். தையற்காரியை வீட்டுக்கு அழைத்து, உட்காரவைத்து, ஈசிஜித் தாள்களை மேசையில் விரித்து எல்லாவற்றையும் சொன்னாள். தம்பி சன்னலோரம் நகத்தைக் கடித்தபடி நின்றான். தையற்காரி குறுக்கே பேசாமல் கேட்டு முடித்தாள்.

"மொத சட்டைக்கு அளவெடுத்தப்பவே தெரியும்க்கா. நெஞ்சுல டேப்பு பிடிச்சா எல்லாருக்கும் லேசா ஆடும். இவருக்கு ஆடவே இல்ல. நானும் ஏழு தடவை பாத்துட்டேன்."

எழுந்துபோய் அவன் மார்பில் காதை வைத்தாள். அங்கே ஒன்றும் இல்லை. பிறகு தொட்டியின் முன் குனிந்து, இலைக்கடியில் தூங்கிக்கொண்டிருந்த தவளையைப் பார்த்தாள். விரல்விட்டு ஒன்பதுவரை எண்ணினாள். இடைவெளி வந்தபோது அவளும் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். கனத்த அடி விழுந்ததும் நிமிர்ந்தாள்.

"எங்க கட்டில இந்தச் செவுத்து ஓரமாப் போட்டுக்கலாமா?" என்று கேட்டாள்.

அப்படியே போட்டுக்கொண்டார்கள்.